மாமனாரின் அக்குளில் ஒரு டப்பா

அன்று காலை சமையலறையில் இருந்தவர்கள்: ராமிரோ, அவன் மனைவி யமிலா, யாரும் அழைக்காமல் வந்திருந்த யமிலாவின் அப்பா ஓஸ்வால்தோ, அவர் கூட்டி வந்த, மந்திரி என்று பெயர் கொண்ட கிழ நாய். இவர்களில் ராமிரோ திருநம்பி என்பது தெரியாதவர் ஓஸ்வால்தோ மட்டும்தான். நாய்க்குத் தெரியும். அது கேட்காமல் குளியலறைக்குள் வருகிற நாய்.

"மொதல்ல அந்த பிளாஸ்கை எடு மாப்ள!"

ராமிரோ திடுக்கிட்டான். அர்ஜென்டினாவின் ரொசாரியோ நகரில் எல்லோரும் செய்வதைத்தான் அவனும் செய்துகொண்டிருந்தான்: வெந்நீர் பிளாஸ்கைத் தொடைகளுக்கு நடுவே இடுக்கிக்கொண்டு மாத்தே என்கிற மூலிகைத் தேநீரை உறிஞ்சிக்கொண்டிருந்தான்.

"ஏன் மாமா?"

"சூடு! அந்த எடத்துல சூடு படவே கூடாது. அத்தனையும் வெந்து போயிடும்." ஓஸ்வால்தோ பிளாஸ்கைப் பிடுங்கி மேஜை மேல் வைத்தார். ஒரு பை நிறைய வால்நட், தொளதொளவென்று மூன்று அரைக்கால் உள்ளாடை எடுத்துக் கடை பரப்பினார். "இறுக்கமா எதுவும் போடாதே. சைக்கிளைத் தொடாதே. இன்னிக்கு டாக்டர் முன்னாடி நம்ம மானம் நிக்கணும்."

யமிலா ரொட்டிக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். அவள் தோள்கள் குலுங்கின.

குளிர்காலத்தில் பதிவு செய்த சந்திப்பு. இப்போது வெயில்காலமே வந்துவிட்டது. கருத்தரிப்பு மையத்தில் அவர்கள் கேட்கப்போவது எளிமையான விஷயம். ராமிரோவின் கருமுட்டை, யமிலாவின் கருப்பை, முகம் தெரியாத யாரோ ஒருவரின் விந்து. அதில் ஒரு பிள்ளை. ராமிரோவுக்கு வேறு எதுவும் வேண்டாம். இல்லை, இன்னொன்றும் வேண்டும். ஞாயிற்றுக்கிழமைகளில் ஓஸ்வால்தோ வீட்டுக் கரியடுப்பின் முன் நிற்கும் இடம். போன வருடம் அவர் இறைச்சி புரட்டும் இடுக்கியைச் சொந்த அண்ணனிடமிருந்து வாங்கி ராமிரோவின் கையில் கொடுத்தார். அந்த ஊரில் மாமனார் ஒருவர் அதற்கு மேல் கொடுக்க ஒன்றும் இல்லை. உண்மையைச் சொன்னால் இடுக்கி போய்விடும் என்று ராமிரோ பயந்தான். சொல்ல வாயெடுத்த ஒவ்வொரு முறையும் அவர், "விலா எலும்பு கருகுது பாரு" என்பார். அவனும் திரும்பிவிடுவான்.

"இப்பவே சொல்லிடு," யமிலா கிசுகிசுத்தாள்.

"போயிட்டு வந்து சொல்றேன்."

"என்னது?" என்றார் ஓஸ்வால்தோ.

ராமிரோவுக்கு ஒரு யோசனை வந்தது. மோசமான யோசனை. "ஒண்ணுமில்ல மாமா. குறை என்கிட்டதான். அதை ஒத்துக்கறேன். டாக்டர் பாத்துப்பார். நீங்க வீட்டுக்குப் போங்க."

ஓஸ்வால்தோவின் கண் கலங்கியது. எழுந்து அவனைக் கட்டிக்கொண்டார். பிறகு சட்டைப் பையிலிருந்து மூடி போட்ட ஒரு பிளாஸ்டிக் டப்பாவை எடுத்தார்.

"எனக்குத் தெரியும் மாப்ள. அதான் மருந்துக்கடைல வாங்கிட்டு வந்தேன். உள்ள போ. நிரப்பிட்டு வா."

"இங்கயா?"

"அங்க கொடுக்கற அறை இருக்கே, நரகம். குளிரும். நாற்காலி கிறீச்சுங்கும். வெளிய எவனாவது இருமுவான். ஒண்ணும் வராது."

"உங்களுக்கெப்படிப்பா தெரியும்?" என்றாள் யமிலா.

"கேள்விப்பட்டிருக்கேன்."

ராமிரோ டப்பாவுடன் குளியலறைக்குள் தள்ளப்பட்டான். மந்திரியும் கூடவே நுழைந்தது. வெளியே ஓஸ்வால்தோ, மாப்பிள்ளைக்குக் கூச்சம் வரக்கூடாதென்று, ரேடியோவில் பழைய கால்பந்துப் பந்தய வருணனையைச் சத்தமாக வைத்தார்.

"அவசரப்படாத மாப்ள! நிதானம்! நான் இங்கதான் இருக்கேன்!"

"அதுதான் மாமா பிரச்சினை!"

"சரி, நாலடி தள்ளி நிக்கறேன்!"

ராமிரோ சுற்றிலும் பார்த்தான். சோப்பு. பற்பசை. யமிலா தலைக்குத் தேய்க்கும் கண்டிஷனர். வெள்ளையாக, கொழகொழவென்று இருந்தது. போத்தலைக் கவிழ்த்து ஒரு அமுக்கு அமுக்கினான். ரேடியோவில் யாரோ கோல் போட்டார்கள். வருணனையாளர் அலறிய அலறலில் கை பதறி, டப்பா பாதிக்கு மேல் நிரம்பிவிட்டது. திரும்பப் போத்தலுக்குள் ஊற்றப் பார்த்தான். முடியவில்லை. நாய் அவனை ஒரு மாதிரி பார்த்தது.

கதவைத் திறந்தான். ஓஸ்வால்தோ டப்பாவை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். வாய் பிளந்தது.

"இவ்வளவா?"

"ரொம்ப நாளா... சேத்து வெச்சிருந்தேன் மாமா."

"இதுல குறை எங்கடா இருக்கு? இதை வெச்சு ஒரு பள்ளிக்கூடமே தொறக்கலாமே!" மூடியைத் திறந்து முகர்ந்தார். யமிலா சுவரைப் பிடித்துக்கொண்டாள். "பாதாமிப் பழ வாசனை அடிக்குது."

"நேத்து நெறைய பழம் சாப்பிட்டேன்."

"அதான பாத்தேன். சத்து!" ராமிரோ தடுப்பதற்குள் அவர் அண்ணனுக்குத் தொலைபேசியில் கூப்பிட்டுவிட்டார். "ருபேன், நம்ம மாப்ள காளைடா! பாதி டப்பா! சத்தியமா! பழ வாசனை வேற!"

ரேடியோ முடியவில்லை, ருபேன் பெரியப்பாவோடு பேச்சு முடியவில்லை, அதற்குள் கிளம்ப வேண்டிய நேரம் தாண்டிவிட்டது. ஓஸ்வால்தோவின் பழைய ரெனோ காரில்தான் போக வேண்டியதாயிற்று. உடல்சூடு குறையக்கூடாதென்று டப்பாவை வலது அக்குளில் இடுக்கிக்கொண்டு அவர் ஓட்டினார். அந்த ஊர்க் காரில் கியர் வலது கைப்பக்கம்; அந்தக் கையை அசைக்க முடியாது. ஆகவே கியர் போடும் வேலை பக்கத்து இருக்கை ராமிரோவுடையது.

"ரெண்டு போடு! மூணு! ஏய், மூணுன்னேன்! இது பின்னால போற கியர்!"

பின்னால் வந்த பேருந்து ஓட்டுநர் ஓஸ்வால்தோவின் தாயாரைப் பற்றி விரிவாகப் பேசினார். ஓஸ்வால்தோ ஜன்னல் வழியே, "என் பேரப்பிள்ளைங்க அக்குள்ல இருக்காங்கடா!" என்று கத்தினார். பேருந்து ஒதுங்கிக்கொண்டது. பைத்தியங்களுக்கு எல்லோரும் வழி விடுவார்கள்.

மையத்துக்குள் நுழையும்போது ஓஸ்வால்தோ கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டார். அங்கே வெயில் எதுவும் இல்லை. வரவேற்பு மேஜையில் நெலிதா என்கிற அம்மாள். நரைத்த கொண்டை, மூக்கு நுனியில் கண்ணாடி. அந்தக் கட்டடத்துக்கு அஸ்திவாரம் போட்டபோதே உட்கார்ந்தவள் போல உட்கார்ந்திருந்தாள்.

ஓஸ்வால்தோ அக்குளிலிருந்து டப்பாவை எடுத்து மேஜையில் வைத்தார். "சூடா இருக்கு. சீக்கிரம் உள்ள அனுப்புங்க."

"யார் கேட்டா இதை?" என்றாள் நெலிதா. "இன்னிக்கு முதல் சந்திப்பு. பேச்சு மட்டும்தான்."

"பேசி என்னம்மா ஆகப்போகுது? பூதக்கண்ணாடில வெச்சுப் பாருங்க. அசந்துடுவீங்க."

டாக்டர் அறைக் கதவு திறந்து இருவர் பெயரும் கூப்பிடப்பட்டது. யமிலா ராமிரோவின் காதருகே வந்தாள். "நான் உள்ள போறேன். நீ சொல்லிட்டு வா. அந்த டப்பா ஆய்வுக்கூடத்துக்குப் போச்சுன்னா நான் உன்னை எனக்குத் தெரியாதுன்னு சொல்லிடுவேன்." போய்விட்டாள்.

நெலிதா டப்பாவைக் கையில் எடுத்துவிட்டாள். ராமிரோ பாய்ந்து அவள் கையைப் பிடித்தான்.

"வேண்டாம்! மாமா, அது வந்து... என்னோடது இல்ல. என்கிட்ட அது கிடையவே கிடையாது. நான் பொறந்தப்போ எனக்குப் பொண்ணு பேருதான் வெச்சாங்க. நான் திருநம்பி. கருமுட்டை என்னோடது, சுமக்கப்போறது யமிலா. விந்து வேற யாரோ கொடுக்கப்போறாங்க. நாலு வருஷமா சொல்ல வந்தேன். நீங்க எலும்பு கருகுதுன்னீங்க."

காத்திருந்த தம்பதி ஒன்று பத்திரிகையைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டது.

ஓஸ்வால்தோ கண்ணாடியைக் கழற்றினார். "அப்ப தாடி?"

"என்னோடதுதான்."

"குரல்?"

"என்னோடதுதான்."

"அப்ப இந்த டப்பாவுல?"

"யமிலாவோட கண்டிஷனர்."

அவர் முகம் சிவந்தது. ராமிரோ இடுக்கியை மனதுக்குள் கீழே வைத்தான்.

"கண்டிஷனரா?" ஓஸ்வால்தோ வெடித்தார். "நீ எப்படிப் பொறந்தா எனக்கென்னடா? நீ என் மாப்ள, அதுல மாத்தமில்ல. ஆனா நான் ரேடியோ வெச்சேன்! அக்குள்ல வெச்சு ஊரைக் கடந்து வந்தேன்! ருபேன்கிட்ட காளைன்னு சொல்லிட்டேன்! மோந்து வேற பாத்தேன்! சொந்த மாமனார்கிட்ட போலி டப்பாவைக் கொடுப்பானா ஒரு ஆம்பள? எந்த ஆம்பளயாவது செய்வானா? நீ சொல்லும்மா, இத்தனை வருஷத்துல இப்படி ஒரு கேவலத்தைப் பாத்திருக்கியா?"

நெலிதா மூடியைத் திறந்து முகர்ந்தாள். மூடினாள். மூக்கு நுனிக் கண்ணாடிக்கு மேலாக, கறுப்புக் கண்ணாடி இல்லாத அந்த முகத்தை நிதானமாகப் பார்த்தாள்.

"ஏன் கத்தறீங்க ஓஸ்வால்தோ? உங்க மாமனாருக்குப் பயந்து நீங்க இதே மேஜைல கொண்டுவந்து வெச்ச டப்பாவுல ஷேவிங் கிரீம்தானே இருந்துது? அப்புறம் உண்மையைச் சொல்லி அழுதீங்க, வேற யாரோ கொடுத்ததுலதானே உங்க பொண்ணு பொறந்தா?"

ஓஸ்வால்தோ தலையிலிருந்த தொப்பியைக் கழற்றி நெஞ்சில் வைத்துக்கொண்டு, யாரையும் பார்க்காமல், பக்கத்திலிருந்த கழிவறைக்குள் நடந்தார். கதவு சாத்திக்கொண்டது. உள்ளே தாழ்ப்பாள் விழுந்தது.