பாக்கி எவிடே மாமா

திருவனந்தபுரத்தில் குறும்படம் எடுத்த ஒருத்தரும் விமர்சகருக்குப் பயந்ததில்லை, சர்க்காருக்குப் பயந்ததில்லை. அத்தனை பேரும் நடுங்கியது கரமனையில் எங்கள் தெருவில் குடியிருந்த ஒரே ஒரு மனிதருக்குத்தான். நாலு முழ வேட்டி, அரைக்கைச் சட்டை, மழை இல்லாத நாளிலும் கக்கத்தில் குடை. அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று அவருக்கு இருந்திருக்க வேண்டும். எங்களுக்கு அவர் ‘பாக்கி எவிடே மாமா’.

இரண்டாயிரம் பிறந்த புதிது. நாங்கள் சிலர் சேர்ந்து ஒரு ஃபிலிம் சொசைட்டி வைத்திருந்தோம். வருஷத்துக்கு ஒரு தடவை, முகூர்த்தம் இல்லாத நாட்களாகப் பார்த்து ஒரு கல்யாண மண்டபத்தின் மாடியைப் பிடித்து, ஜன்னலுக்கெல்லாம் கறுப்புத் துணி கட்டி, குறும்பட விழா நடத்துவோம். எல்லாம் இந்தப் பக்கத்து ஆட்கள் சொந்தமாக எடுத்த படங்கள். ஒவ்வொரு படம் முடிந்ததும் விளக்கைப் போட்டு, இயக்குநரைத் திரைக்குப் பக்கத்தில் நிற்க வைத்து, சபையோர் கேள்வி கேட்கலாம் என்போம். அது இல்லாமல் இந்த ஊரில் சினிமா விழா கிடையாது. பெரும்பாலும் தாடி வைத்த ஒருவர் எழுந்து, கேள்வி என்று ஆரம்பித்து, பிரசங்கம் செய்துவிட்டு, கேள்வி கேட்காமலே உட்கார்ந்துவிடுவார். மாமா மட்டும் கேள்வி கேட்பார். ஒரே கேள்வி.

“சாரே, பாக்கி எவிடே?”

மீதிக் கதை எங்கே என்று அர்த்தம். அந்தக் காலத்துக் குறும்படங்கள் முடியாது, நின்றுவிடும். மாமாவுக்கு அது ஆகவே ஆகாது. அரசாங்க ஆபீஸில் காலமெல்லாம் வேலை பார்த்தும் ஒரு ஃபைலைக்கூடப் பாதியில் மூடாத மனிதர். அதனாலேயே அவரை ஆபீஸில் யாருக்கும் பிடிக்கவில்லை என்று தெருவில் பேச்சு.

ஒரு படத்தில் வயசான ஒருவர் பொன்முடி மலைச் சாலையில் ஏறிக்கொண்டே இருந்தார். மூடுபனி வந்து அவரை மறைத்தது. படம் முடிந்தது. பலத்த கைதட்டல். மாமா எழுந்தார்.

“சாரே, பாக்கி எவிடே? மேல போனாரே, திரும்பி வந்தாரோ? சாயங்காலத்துக்கு மேல அங்க பஸ் கிடையாதாக்கும்.”

இயக்குநர் கண்ணை மூடித் திறந்து, “அது பார்க்கிறவங்க மனசுல இருக்கு” என்றார்.

“என் மனசுல ஒண்ணுமே இல்லையே. அதனாலதானே உம்மகிட்ட கேக்கறேன்.”

இன்னொரு படத்தில், விழிஞ்ஞத்தில் ஒரு பெண் மீன் நறுக்கிக்கொண்டிருப்பாள். வீட்டுக்குள் டெலிபோன் அடிக்கும். அவள் நிமிர்ந்து பார்ப்பாள். அவ்வளவுதான் படம். போன் செய்தது யார் என்று மாமா கேட்டார். படம் எடுத்தவர் மழுப்பினார். மாமா அவர் பின்னாலேயே டீக்கடைக்குப் போனார், பஸ் ஸ்டாப்புக்குப் போனார், அவர் ஏறிய பஸ்ஸில் தானும் ஏறிப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார். தம்பானூர் வருவதற்குள் அந்த மனிதர் சரணாகதி அடைந்துவிட்டார்.

“அவளோட சேச்சி மாமா. கொல்லத்துல இருந்து.”

“என்ன விசேஷம்?”

“பெண் குழந்தை பிறந்திருக்கு.”

“நன்னாயிருக்கட்டும்” என்று சொல்லி மாமா நிம்மதியாக இறங்கினார். மறுநாள் காலையில் எங்கள் தெரு முழுக்க அந்தக் குழந்தை பிறந்த செய்தி பரவிவிட்டது. என் மனைவிகூட எடை எவ்வளவாம் என்று கேட்டாள்.

இந்த மாதிரியே போயிருந்தால் ஒன்றுமில்லை. ஒரு வருஷம் பரிசுக் குழுவுக்குத் தலைவராக ஒரு பெரிய இயக்குநரை அழைத்து வந்திருந்தோம். முதல் நாள் அவருடைய படத்தைத்தான் போட்டோம். ஒரு கதவு பாதி திறக்கிறது, அத்துடன் முடிந்தது. மாமா விடுவாரா? கேட்டார். தலைவர் பதில் சொன்னார். மறுபடியும் கேட்டார். தலைவர் முகம் சிவந்து, “நாளைக்கு இந்த ஆள் வாயைத் திறந்தால் நான் கிளம்பிவிடுவேன்” என்று சொல்லிவிட்டுக் காரில் ஏறினார்.

எங்கள் செக்ரட்டரி ஒரு காலேஜ் வாத்தியார். மலையாளி. தமிழ் பேசினால் அதிலும் மலையாளம்தான் இருக்கும். அவர்தான் வழி கண்டுபிடித்தார்.

“குழப்பமில்லை. மாமனை நம்ம வாலண்டியர் ஆக்கிடலாம். சட்டையில ஒரு பேட்ஜ் குத்திடலாம். பேட்ஜ் உள்ளவங்க கேள்வி கேக்கக் கூடாதுன்னு ஒரு ரூல் போட்டா மதி, அது போதும்.”

மறுநாள் காலையில் இதை மைக்கில் அறிவித்தும்விட்டார். மாமாவுக்குக் கதவைத் திறந்து மூடுகிற பொறுப்பு. பேட்ஜைக் குத்திக்கொண்டதும் மனிதர் ஒரு சுற்றுப் பெருத்துவிட்டார். யாரையும் குனிந்து முகத்தைப் பார்க்காமல் உள்ளே விடவில்லை. ஆனால் ஒவ்வொரு படம் முடியும்போதும் அவர் உதடு துடிப்பதைப் பார்க்கப் பாவமாக இருந்தது. ஒரு படம் முடிந்ததும் அவசரமாக வெளியே போனார். எட்டிப் பார்த்தேன். வராந்தாவில் நின்று தூணிடம் கேட்டுக்கொண்டிருந்தார்.

அன்று மதியச் சாப்பாட்டுக்கு முன்னால் கடைசிப் படம் முருகனுடையது. தென்காசிப் பக்கத்துப் பையன். சாலைக் கடைத்தெரு ஹோட்டல் ஒன்றில் பரோட்டா போடுகிறவன். கல்யாண வீடியோ எடுக்கும் ஒருவரிடம் கேமராவைக் கெஞ்சி வாங்கி, தான் தங்கியிருந்த அறையிலேயே படம் எடுத்திருந்தான். இஸ்திரி போட்ட சட்டையோடு காலையிலேயே வந்து என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தான்.

“சார், இன்னைக்கு யாராவது ஒரு வார்த்தை கேட்டாவன்னா இதைத் தொடர்ந்து செய்வேன். யாரும் ஒண்ணும் கேக்கலைன்னா விட்டுருவேன். ரூம்ல எல்லாரும் கிறுக்கன்னுதான் சொல்லுதாவ. அவங்க சொன்னதுதான் சரின்னு நெனச்சுக்கிடுவேன்.”

அதெல்லாம் கேட்பார்கள் என்று தைரியம் சொன்னேன்.

படம் இதுதான்: ராத்திரி வேலை முடிந்து ஒருவன் அறைக்கு வருகிறான். அவன் பாயில் வேறொருவன் தூங்குகிறான். வந்தவன் நிலைப்படியில் உட்காருகிறான். முடிந்தது. பேச்சும் குறைவு, வெளிச்சமும் குறைவு. போதாததற்குக் கீழே சமையல்கட்டிலிருந்து சாம்பார் வாசனை மாடி ஏறி வந்துவிட்டது.

விளக்கு எரிந்தது. முருகன் திரைக்குப் பக்கத்தில் போய் நின்றான். செக்ரட்டரி, “கேள்விகள் கேட்கலாம்” என்றார். யாரும் கேட்கவில்லை. தாடிக்காரர்கள் பையைத் தோளில் மாட்டிக்கொண்டார்கள். தலைவர் கடிகாரத்தைப் பார்த்தார். நாங்கள் கேட்டிருப்போம். ஆனால் எங்கள் எல்லோர் சட்டையிலும் பேட்ஜ் இருந்தது. மாமாவுக்காகப் போட்ட ரூல் எங்கள் வாயையும் சேர்த்துக் கட்டிவிட்டது. செக்ரட்டரி என்னைப் பார்த்தார், நான் செக்ரட்டரியைப் பார்த்தேன். முருகன் கையைப் பின்னால் கட்டினான், முன்னால் கட்டினான், கடைசியில் தலையைக் குனிந்துகொண்டான்.

கதவோரத்திலிருந்து மாமா நடந்து வந்தார். வருகிற வழியிலேயே பேட்ஜைக் கழற்றி என் மடியில் போட்டார்.

“தம்பி, பாக்கி எங்கே?”

படம் தமிழ் என்பதால் அன்றைக்குக் கேள்வியும் தமிழில் வந்தது.

முருகன் நிமிர்ந்தான். “என்ன சார்?”

“வாசப்படியில உக்காந்தானே, அவன் அப்புறம் தூங்கினானா இல்லையா?”

“இல்ல சார். எழுப்ப மனசு வரலை.”

“ஏன்? அவனோட பாய்தானே?”

“பாய் எல்லாருக்கும் பொது சார். படுத்திருக்கவனுக்கு அன்னைக்குக் காய்ச்சல். படத்துல அதைக் காட்டத் தெரியலை.”

“யாருக்குக் காய்ச்சல்? யாராவது மருந்து வாங்கிக் குடுத்தாளோ?”

முருகன் சொல்ல ஆரம்பித்தான். முறை வைத்துத் தூங்குவதை, மாவு பிசையும் கைக்குத் தூக்கத்தில் வரும் வலியை, ஊரிலிருந்து யாராவது வந்தால் யார் வராந்தாவுக்குப் போவது என்பதை. எழுந்தவர்கள் ஒவ்வொருவராக உட்கார்ந்தார்கள். ஒரு தாடிக்காரர் நிஜமாகவே ஒரு கேள்வி கேட்டார். பரிசுக் குழுத் தலைவர் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு, அந்த அறைக்கு ஜன்னல் உண்டா என்று விசாரித்தார். கீழே சாம்பார் ஆறிப்போய், சமையல்காரர் மேலே வந்து எங்களைத் திட்டினார்.

முருகனுக்குப் பரிசு எதுவும் கிடைக்கவில்லை. ஆனால் அடுத்த வருஷமும் ஒரு படத்தோடு வந்தான்.

அன்று சாயங்காலம் மாமாவோடு வீட்டுக்கு நடந்துகொண்டிருந்தபோது, “உங்களுக்கு அந்தப் படம் அவ்வளவு பிடிச்சுதா மாமா?” என்று கேட்டேன்.

“சுமார்தான், கேட்டியா. பாதி இருட்டுல எனக்கு ஒண்ணும் தெரியலை.”

“அப்புறம் ஏன் கேட்டேள்?”

“அந்தப் பிள்ளை அங்க தனியா நின்னுண்டிருந்தானேடா. அவனை நிக்க வச்சுட்டு எப்படிச் சாப்பிடப் போறது?”

இன்றைக்கும் யாராவது மாமாவைக் கேலி செய்தால் எனக்குக் கோபம் வரும். நான் செய்யலாம். எனக்கு அவரை அவ்வளவு பிடிக்கும்.