ஐஸ்பெட்டியும் ஐம்பதாவது மாணவியும்

“காத்து வருதா?”

“வருது.”

“சூடா?”

“ஃப்ரிட்ஜைத் திறந்து வெச்ச மாதிரி வருது. முழங்காலுக்குக் கீழ எனக்குக் கால் இருக்கான்னு கொஞ்சம் எட்டிப் பாத்துச் சொல்றீங்களா?”

பானெட்டுக்குள் விட்டிருந்த தலையை மாஸ்டர் வெளியே எடுத்தார். ஸ்டியரிங்குக்குப் பின்னால் அவர் மனைவி, இரண்டு ஸ்வெட்டர், ஒரு சால்வை, ஒரு ஜோடி கையுறை சகிதம் உட்கார்ந்திருந்தாள். மூக்கு மட்டும்தான் வெளியே தெரிந்தது. அதுவும் சிவந்திருந்தது.

“கையெல்லாம் விறைச்சுப் போச்சுங்க. வெள்ளிக்கிழமை டெஸ்ட்ல இந்தக் கையை வெச்சுக்கிட்டு ஸ்டியரிங்கைப் புடிக்கறதா, ஸ்டியரிங்கோட சேத்துக் கட்டிக்கறதா?”

“பயப்படாதே. நம்ம ஸ்கூல்ல யாராவது பெயில் ஆயிருக்காங்களா?”

ஆகவில்லை. அதுதான் மாஸ்டரின் மூச்சு, பேச்சு, முகவரி எல்லாம். ஒரே கார், ஒரே வாத்தியார் உள்ள டிரைவிங் ஸ்கூல். ஆனால், கடந்த ஒரு வருஷமாக அங்கே படித்த நாற்பத்தொன்பது பேரும் முதல் தடவையிலேயே பாஸ். வாசலில் ஆளுயர போர்டு: ‘சேர்ந்தவர் அனைவரும் தேர்ச்சி.’ ஐம்பதாவது ஆள், சொந்த மனைவி.

அவளுக்கு இது பெருமைப் பிரச்னை இல்லை. வேலைப் பிரச்னை. ரத்தப் பரிசோதனை லேப்பில் எட்டு வருஷமாக ஜன்னல் இல்லாத அறையில் உட்கார்ந்திருந்தாள். வீடு வீடாகப் போய் ரத்தம் எடுக்கும் வேலை இப்போது காலி. லேப்பே கார் கொடுக்கும். ஒரே நிபந்தனை, திங்கட்கிழமை காலை லைசென்ஸ் கையில் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் அந்த வேலை பக்கத்து மேஜைக்காரிக்குப் போய்விடும். அவள் ஏற்கெனவே கூலிங் கிளாஸ் வாங்கி வைத்திருந்தாள்.

“எனக்கு ரிவர்ஸ் பார்க்கிங் சுத்தமா வரலை” என்றாள் மனைவி. “அதையாவது நாலு நாள் ஒழுங்கா பழகணும். இந்த ஐஸ்பெட்டியில உக்காந்து முடியாது. மொதல்ல ஹீட்டரைச் சரி பண்ணுங்க.”

ஐஸ்பெட்டி. மாணவர்கள் வைத்த பெயர். மலைமேல் இருக்கிற ஊர். வருஷத்தில் பத்து மாசம் பனி. காற்றாடியை நிறுத்தினால் கண்ணாடி மங்கிவிடும். ஓடவிட்டால் ஓட்டுபவருக்குப் பாதிக் குளிர், பக்கத்து ஸீட்டுக்கு முழுக் குளிர். பக்கத்து ஸீட்காரரான மாஸ்டர் மூன்று ஜோடிக் கம்பளி சாக்ஸ் போட்டுப் பழகிவிட்டார்.

“சரி பண்ணிட்டாப் போச்சு” என்றார். அங்கே ஆரம்பித்தது சனி. கிழமை என்னவோ திங்கள்தான்.

சத்தம் கேட்டு எதிர்வீட்டு ரிட்டயர்ட் லைன்மேன் வந்தார். மின்கம்பத்தைத் தவிர வேறு எதையும் கழற்றிப் பார்த்தவர் இல்லை. ஆனால் யோசனை சொல்வதற்கு அது ஒரு தடையா?

“இஞ்சின் சூட்டுத் தண்ணிதான் மாஸ்டர் ஹீட்டருக்குள்ள போகுது. தண்ணி குறைஞ்சா சூடு எங்கேர்ந்து வரும்?”

நியாயமாகத்தான் பட்டது. ஊற்றினார்கள். குளிர்ந்த காற்றே வந்தது.

“உள்ள காத்து அடைச்சிருக்கு. மூடியைத் திறந்து வெச்சு ஆக்ஸிலரேட்டரை ஒரு மிதி மிதிச்சா, புஸ்ஸுன்னு போயிடும்.”

“அம்மாடி, மிதி!” என்றார் மாஸ்டர்.

மனைவி மிதித்தாள். விறைத்த கால், எவ்வளவு மிதித்தது என்று அதற்கே தெரியவில்லை. புஸ்ஸென்று போனது காற்று இல்லை. ரேடியேட்டரின் பச்சை நிறத் தண்ணீர் ஆளுயரம் எழும்பி, லைன்மேனின் சலவைச் சட்டையில் முழுசாக இறங்கியது.

லைன்மேன் இரண்டு விநாடி அசையாமல் நின்றார். “சூடா இருக்கு” என்றார். “அப்போ இஞ்சின்ல கோளாறு இல்லை.”

மனுஷன் அந்த நிலைமையிலும் ஆராய்ச்சியை விடவில்லை.

செவ்வாய்க்கிழமை, கார் மெக்கானிக்கிடம் போனது. அவருக்கு ஊரில் ‘ஆச்சு’ என்று பெயர். எப்போது போய்க் கேட்டாலும் “ஆச்சு மாஸ்டர், ஆச்சு” என்பார். எது ஆச்சு என்று மட்டும் சொல்ல மாட்டார்.

“தெர்மோஸ்டாட் போயிருக்கும்” என்றார் ஆச்சு. “இஞ்சினைச் சூடேற விடாது. மாத்திட்டா அடுப்பு மாதிரி கொதிக்கும்.”

மாற்றினார். கொதிக்கவில்லை.

“அப்போ கோளாறு டேஷ்போர்டுக்குப் பின்னாடி.”

“அதைத் திறக்கணுமா?”

“சும்மா ரெண்டு ஸ்க்ரூ மாஸ்டர்.”

புதன்கிழமை மாஸ்டர் போய்ப் பார்த்தபோது, காருக்கு முகமே இல்லை. டேஷ்போர்டு தனியாக ஒரு பெஞ்சில் மல்லாந்து கிடந்தது. கலர் கலராக ஒயர்கள். ஸ்டியரிங் மட்டும் அநாதையாக நின்றது.

“நாளன்னிக்கு டெஸ்ட்ய்யா!” அலறினார்.

“ஆச்சு மாஸ்டர், ஆச்சு.”

வீட்டில் மனைவி இரண்டு சாப்பாட்டு நாற்காலிகளுக்கு நடுவே மூன்றாவது நாற்காலியைப் பின்பக்கமாக இழுத்து நுழைத்துக்கொண்டிருந்தாள்.

“என்ன பண்றே?”

“ரிவர்ஸ் பார்க்கிங். வேற எதுல பழகறது? போட்டி டிரைவிங் ஸ்கூல்காரன் வண்டியை ஒரு மணி நேரம் கேட்டுப் பாருங்களேன்.”

“அவன்கிட்டயா! அதுக்கு நான் போர்டைக் கழட்டி அவன் வாசல்ல மாட்டிட்டு வரலாம்.” மாஸ்டர் சோபாவில் சாய்ந்தார். “இதப் பாரு. நாப்பத்தொம்பது பேரை உருவாக்கினவன் நான். அந்த டெஸ்ட் அதிகாரி எப்படிப்பட்ட சிடுமூஞ்சி தெரியுமா? மத்த ஸ்கூல் வண்டியில முழுசா அரை மணி சுத்த விட்டு, நோண்டி நோண்டிக் குறை கண்டுபிடிப்பாரு. நம்ம ஆளுங்கன்னா ஒரே ஒரு சுத்து. ‘போதும் போதும், நிறுத்து’ன்னு பாஸ் போட்டுட்டு இறங்கிடுவாரு. ஏன்?”

“ஏன்?”

“ஒரு பானை சோத்துக்கு ஒரு சோறு பதம். வண்டியை எடுக்கிற எடுப்புலயே வாத்தியார் யாருன்னு தெரிஞ்சுடும்.”

மூன்றாவது நாற்காலி இரண்டாவது நாற்காலியில் ‘டங்’கென்று இடித்ததுதான் பதில்.

வியாழக்கிழமை மத்தியானம் ஆச்சு போன் செய்தார். “கண்டுபிடிச்சாச்சு! ஓடி வாங்க!”

ஓடினார். ஆச்சு, ஏதோ குண்டை எடுத்த டாக்டர் மாதிரி, இடுக்கியில் ஒரு அட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

“சூட்டையும் குளிரையும் மாத்தி விட உள்ளுக்குள்ள ஒரு சின்னத் தட்டி இருக்கு. கண்ணாடி ஓரமா இருக்கிற சந்து வழியா இது விழுந்து, தட்டியைக் குளிர்ப் பக்கமே அடைச்சு வெச்சிருக்கு. யாரோட கார்டு பாருங்க!”

மாஸ்டருடைய விசிட்டிங் கார்டுதான்.

“இதுல ‘அனைவரும் தேர்ச்சி’யைக் காணோமே மாஸ்டர்?”

“இது பழசுப்பா. அதெல்லாம் இதுக்கப்புறம் அடிச்ச கார்டு. அப்போ நம்ம ஸ்கூல்ல பாதிக்குப் பாதி பெயில்.” மாஸ்டர் அந்தக் கார்டைச் சந்தோஷமாகப் பையில் போட்டுக்கொண்டார். “எங்கேர்ந்து எங்க வந்திருக்கோம் பாத்தியா!”

சாயங்காலம் கார் வீட்டுக்கு வந்தது. கூடவே ஒரு பொட்டலம்.

“என்ன இது?”

“மிச்சமான ஸ்க்ரூ. ஏழு. பத்திரமா வெச்சுக்குங்க.”

ஹீட்டர்? அடடா! வெதுவெதுவென்று கால்மாட்டிலிருந்து எழும்பியது ஒரு சொர்க்கம். மனைவி சால்வையை எடுத்தாள். ஸ்வெட்டர் ஒன்றைக் கழற்றினாள். நாலு நாளாகக் காணாமல்போயிருந்த சிரிப்பு அவள் முகத்தில் திரும்ப வந்தது.

“இப்போ ரிவர்ஸ் பழகிடறேன்” என்று இடது இண்டிகேட்டரைப் போட்டாள்.

வைப்பர் ஓடியது.

வலது இண்டிகேட்டர் போட்டாள். ஹாரன் அடித்தது. ஹாரனை அழுத்தினாள். ரேடியோவில் செய்திகள் வாசிக்க ஆரம்பித்தார்கள்.

“என்னங்க...”

“பதறாதே!” என்றார், அவளைவிட அதிகமாகப் பதறிய மாஸ்டர். ஆச்சுவை ஸ்கூட்டரில் பின்னால் உட்கார வைத்துத் தூக்கிக்கொண்டு வந்தார். ஒயர் ஒயராகப் பிரித்துக் கட்டினார்கள். இடது இண்டிகேட்டர் சரியானபோது பிரேக் விளக்கு அணைந்தது. பிரேக் விளக்கு வந்தபோது நாலு கண்ணாடியும் தானாக இறங்கின. லைன்மேன் வேறு, வேறு சட்டை போட்டுக்கொண்டு வந்து யோசனை சொன்னார். இந்த முறை பத்தடி தள்ளி நின்று சொன்னார்.

வெள்ளிக்கிழமை காலை எட்டேகாலுக்குக் கடைசி ஒயர் கடைசி இடத்தில் உட்கார்ந்தது. எல்லாமே வேலை செய்தது. ஸ்க்ரூ மட்டும் இப்போது ஒன்பதாகியிருந்தது.

மனைவி ரிவர்ஸ் பார்க்கிங் பழகியது மொத்தம் பூஜ்யம் முறை. நாற்காலியைக் கணக்கில் சேர்க்காமல்.

ஒன்பது மணி. லைசென்ஸ் ஆபீஸ் மைதானம். புல்லெல்லாம் வெள்ளை வெளேரென்று பனி. அதிகாரி குல்லா, மப்ளர், முழங்கால் தொடும் கோட்டு என்று மூட்டையாக நடந்து வந்தார். மாஸ்டரின் காரைப் பார்த்ததும் ஒரு கணம் நின்றார். பல்லைக் கடித்துக்கொண்டு, குளத்தில் குதிக்கப்போகிறவர் மாதிரி மூச்சை இழுத்துக் கதவைத் திறந்தார்.

உட்கார்ந்தார்.

அப்புறம் அவர் முகத்தில் நடந்ததை மாஸ்டர் வெளியிலிருந்து கண்ணாடி வழியாகப் பார்த்தார். புருவம் உயர்ந்தது. காலைப் பார்த்தார். குல்லாவைக் கழற்றினார். மப்ளரைக் கழற்றினார். ஸீட்டைப் பின்னுக்குத் தள்ளிச் சாவகாசமாகச் சாய்ந்தார்.

“அப்பாடா! ஐம்பது அடிச்சாச்சு” என்று மாஸ்டர் சிரித்துக்கொண்டார்.

கார் ஒரு சுற்று வந்தது. நிற்கவில்லை. இரண்டாவது சுற்று. மேட்டில் நிறுத்தி எடுக்கச் சொன்னார். எட்டுப் போடச் சொன்னார். மூன்றாவது சுற்று. கண்ணாடி வழியாக அதிகாரியின் கை, அந்த மூலையிலிருந்த பிளாஸ்டிக் கூம்புகளைக் காட்டியது.

ரிவர்ஸ் பார்க்கிங்.

மாஸ்டர் கண்ணை மூடிக்கொண்டார். முதலில் ஒரு கூம்பு போன சத்தம். அப்புறம் இரண்டு சேர்ந்தாற்போல். கடைசியாகக் கேட்டது கூம்பின் சத்தம் இல்லை. கண்ணைத் திறந்தார். ‘மெதுவாகச் செல்லவும்’ போர்டு படுத்திருந்தது.

முப்பத்தைந்தாவது நிமிஷம் அதிகாரி மனசே இல்லாமல் இறங்கினார். காகிதத்தில் எழுதினார். “இன்னும் நல்லாப் பழகணும்மா. அடுத்த வாரம் வாங்க” என்றார் கனிவாக. மாஸ்டர் பக்கம் திரும்பி, “வண்டி பிரமாதம் மாஸ்டர்!” என்று தோளில் தட்டிவிட்டு, மப்ளரைக் கையில் சுழற்றிக்கொண்டே போனார்.

மனைவி காரிலிருந்து மெதுவாக இறங்கினாள். “நாப்பத்தொம்பது பேர் பாஸ் பண்ணினாங்க. நான் ஒருத்திதான் மக்கு” என்றாள். கண்ணில் தண்ணீர். “கூலிங் கிளாஸ்காரிதான் போகப்போறா.”

மாஸ்டர், விழுந்த கூம்புகளைப் பொறுக்க வந்த பியூனிடம் பொரிந்து தள்ளினார். “என்னய்யா உங்க ஐயா இப்படி மாறிட்டாரு? என் வண்டின்னா ஒரே ஒரு சுத்துதானே! என் பயிற்சி மேல அவருக்கு அவ்வளவு நம்பிக்கை இருந்துச்சே!”

பியூன் கடைசிக் கூம்பை நிமிர்த்தி வைத்துவிட்டு நிதானமாகச் சொன்னான்.

“நம்பிக்கையா? நல்லாச் சொன்னீங்க மாஸ்டர். உங்க ஐஸ்பெட்டியில ரெண்டாவது சுத்து போனா கால் செத்துடும்னு, ஏறின வேகத்துல பாஸ் போட்டுட்டு எங்க ரூம் அடுப்புக்கிட்ட ஓடி வந்துடுவாரு. இந்த ஒரு வருஷத்துல உங்க ஆளு ஓட்டறதை ஐயா முழுசாப் பாத்ததே இன்னிக்குத்தான்!”