மாப்பிள்ளையைக் குறைத்த புள்ளி

சரியாக மாலை ஐந்து மணி பத்து நிமிடத்துக்கு, மயிலாப்பூர் கல்யாண மண்டபத்து வாசலில் ஏணிமேல் நின்றிருந்த பந்தல்காரர் என்னைக் கூப்பிட்டார்.

"தம்பி, மாப்ள பேரு இன்னா?"

"விநாயகம்."

"அப்ப இங்க எழுதிக்கீற ஆளு யாரு?"

நிமிர்ந்து பார்த்தேன். அன்றிலிருந்து இன்றுவரை என் மகள் கம்ப்யூட்டரில் எதைத் தட்டினாலும் அவள் முதுகுக்குப் பின்னால் போய் நின்றுகொள்கிறேன். "அப்பா, கழுத்துல மூச்சு படுது, தள்ளிப் போ" என்கிறாள். நான் போவதில்லை.

தொண்ணூறுகளின் நடுவில், தி. நகரில் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் நான் சி மொழி கற்றுக்கொண்டிருந்தேன். பாடம் பாதிதான் முடிந்திருந்தது. தலைக்கனம் முழுக்க வந்துவிட்டது. அக்கா உமாவின் கல்யாணத்துக்கு பேனர் எழுத ஆள் தேடியபோது, "எதுக்குப்பா? நானே கம்ப்யூட்டர்ல போட்டுத் தரேன்" என்றேன். பையன் படிப்புக்கு முதன்முறையாக ஒரு பயன் தெரிந்ததால், அப்பா அதை ஆதம்பாக்கம்வரை போய் மாப்பிள்ளை வீட்டில் சொல்லிவிட்டு வந்தார். எனக்கு அவர் போட்டது ஒரே ஒரு நிபந்தனை: "இனிஷியல் வேணாம்டா. ஆபீஸ் போர்டு மாதிரி இருக்கும்."

இனிஷியலை எடுப்பதா கஷ்டம்? இனிஷியல் இல்லாமலே பெயரை அடித்திருக்கலாம்தான்; ஆனால் படித்த வித்தையைக் காட்ட வேண்டாமா? சி மொழியில் பாயிண்டர் என்று ஒன்று உண்டு. பெயரின் முதல் எழுத்தைத் தொட்டுக்கொண்டிருக்கும் விரல் என்று வைத்துக்கொள்ளுங்கள். விரலோடு இரண்டைக் கூட்டினால் அது இரண்டு எழுத்து தள்ளிப் போய் நிற்கும். K.UMA என்பதில் கே ஒன்று, புள்ளி ஒன்று. இரண்டைத் தாண்டினால் UMA. அக்கா பெயர் அழகாக வந்து நின்றது.

அதை அச்சிடும் கட்டளையில் %.3s என்று எழுதினேன். புள்ளி இல்லாமல் %3s என்றால், 'குறைந்தது மூன்று எழுத்துக்கு இடம் விடு' என்று அர்த்தம். புள்ளி வைத்தால், 'மூன்றுக்கு மேல் ஒரு எழுத்தும் போடாதே' என்று அர்த்தம். எண்களுக்குப் புள்ளி வைத்துப் பழகிய கை, பெயருக்கும் வைத்துவிட்டது. தமிழில் புள்ளி வைத்தால் ஓசைதான் குறையும். சி மொழியில் ஆளே குறைந்துவிடுவார். UMA மூன்றே எழுத்து என்பதால் ஒரு சேதமும் தெரியவில்லை.

மாப்பிள்ளைக்கும் அதே வரிகளை நகல் எடுத்தேன். பெயரை அவருடைய விசிட்டிங் கார்டைப் பார்த்து அடித்தேன்: VINAYAGAM.T. (இனிஷியலைப் பின்னால் போடும் குடும்பங்களும் உண்டு என்பது கண்ணெதிரே இருந்தும் மூளைக்கு எட்டவில்லை.) பிரிண்டர் கர்புர்ரென்று அரை ஆள் உயரத்துக்கு நட்சத்திரங்களாலேயே எழுத்துகளைத் துப்பியது. மடிப்பு மடிப்பாக விழுந்த காகிதத்தைப் பிரித்துப் பார்க்காமல், கலைஞனுக்குரிய பெருமிதத்தோடு சுருட்டிக்கொண்டு வந்தேன்.

இரண்டு எழுத்து தாண்டி, மூன்று எழுத்தோடு நின்ற மாப்பிள்ளை வாசலில் தொங்கினார்:

UMA WEDS NAY

பந்தல்காரர் எழுத்துக் கூட்டிப் படித்தார். "என், ஏ, ஒய்… நாய்."

எனக்கு மாப்பிள்ளையைவிட அவருடைய பெரியப்பாவை நினைத்துத்தான் பயம். நிச்சயதார்த்தத்தன்று காபி தனக்கு இரண்டாவதாக வந்தது என்பதற்காக எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டவர். அவரை மறுபடி உட்கார வைக்க எங்கள் வீட்டுப் பெரியவர்கள் அத்தனை பேரும் தேவைப்பட்டார்கள். இன்று ரிசப்ஷன்தான், தாலி நாளைக் காலையில். செருப்பு மாட்டிக்கொள்ள அவருக்கு ஓர் இரவு முழுக்க மிச்சமிருந்தது.

"அண்ணே, கழட்டுங்க! சீக்கிரம்!"

"இப்பத்தானே கட்டச் சொன்ன? முடிச்சு கெட்டியாக் கீது, இரு நைனா."

இருக்க முடியவில்லை. அவரை இறக்கிவிட்டு நானே ஏறினேன். வாசல் வாழை மரத்தில் சுற்றியிருந்த பூச்சரத்தை உருவி NAY மேல் போர்த்தினேன். சரம் நழுவி நடுவில் தொங்கியது. இப்போது அது நாய்க்கு மாலை போட்டது போலிருந்தது.

கீழே பெரியப்பா வந்து நின்றார். மேலே பார்த்தார்.

"இன்னாய்யா இது? எங்க புள்ள உங்களுக்கு நாயா?"

அப்பா கைகூப்பியபடி ஓடி வந்தார். நான் ஏணியில் நின்றபடியே விஞ்ஞானத்தைத் துணைக்கு அழைத்தேன். "இல்ல பெரியப்பா, தப்பு கம்ப்யூட்டர்ல. நேம் பிளஸ் டூன்னு போட்டுட்டேன், அதான்…"

"பிளஸ் டூவா? எம்.காம். படிச்சவன்யா அவன்! நாய்ன்னு சொன்னதும் இல்லாம படிப்பையும் கொறைக்கிறியா?"

சொன்னபடியே கால்களால் செருப்பைத் தேட ஆரம்பித்தார். மாடி ஜன்னலில் பாதி தலை பின்னிய நிலையில் அக்கா தெரிந்தாள். அழவில்லை. நான் இறங்கி வரட்டும் என்று காத்திருந்தாள். நான் ஏணியை இறுகப் பிடித்துக்கொண்டேன்.

அப்போதுதான் பூ ஜோடித்த கார் வந்து நின்றது. கோட்டும் சூட்டுமாக மாப்பிள்ளை இறங்கினார். பேனரைப் பார்த்தார். மாலையைப் பார்த்தார். ஏணிமேல் இருந்த என்னைப் பார்த்தார்.

"செருப்ப விடுங்க பெரியப்பா. நன்றியுள்ள பிராணின்னுதானே நாம எல்லாரும் பள்ளிக்கூடத்துல எழுதினோம்?" என்றவர், அண்ணாந்து என்னிடம் கேட்டார்: "மச்சான், உள்ள வரலாமா, இல்ல வாசல்லயே கட்டிப் போட்ருவீங்களா?"