சிங்கத்தை மட்டும் மாத்தல சார்

இன்றைக்கு நான் யாரைப் பார்த்தேன் தெரியுமா? ஒரு ஒரிஜினல்வாதியை. அதுவும் முழு உருவத்தில், ஒரு கை தூரத்தில். வீட்டுக்கு வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல் தட்டிக்கொண்டிருக்கிறேன், எழுத்துப் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஒரிஜினல்வாதி என்பது ஒரு தனி இனம். எல்லாத் தெருவிலும் உண்டு. ஒரு பொருளில் இருக்கிற எல்லாவற்றையும் மாற்றிவிடுவார், பெயரை மட்டும் மாற்ற மாட்டார். இது எங்கள் தாத்தா வாங்கிய நாற்காலி என்பார். கால் போன வருஷம் போட்டது, முதுகு அதற்கு முந்தின வருஷம் போட்டது, உட்காரும் பலகை நேற்றுத்தான் வந்தது, தாத்தா உட்கார்ந்ததில் மிச்சம் இருப்பது நடுவில் உள்ள காற்று. அதைச் சொல்லிப் பாருங்கள். உங்களைத்தான் ஒரு மாதிரி பார்ப்பார்.

இந்த இனத்தில் தலைசிறந்த ரகம் பழைய வாட்ச் வியாபாரத்தில் வளர்கிறது. என் வாட்ச் வார் அறுந்துபோனது என் அதிர்ஷ்டம். மாற்றலாம் என்று ஒரு கட்டடத்தின் மாடிக்குப் போனேன். ஜெராக்ஸ் கடையைத் தாண்டினால் கடைசிக் கடை. கண்ணாடி மேஜை, அதன்மேல் கறுப்பு ரப்பர் விரிப்பு, கழுத்தை வளைத்த விளக்கு, பின்னால் ஒரு கண்ணாடி அலமாரி. அலமாரி முழுக்கப் பணக்காரக் கைகளில் இருந்து இறங்கி வந்த வாட்சுகள். ஒவ்வொன்றின் நடுவிலும் ஒரு சின்னச் சிங்கத் தலை. அந்தச் சிங்கம்தான் கம்பெனி முத்திரை. அந்தச் சிங்கத்துக்குத்தான் விலை.

கடைக்காரரை ஊரில் குருவி அண்ணன் என்று கூப்பிடுகிறார்கள். வாட்ச் வேலை பார்க்கிறவர்களுக்கு ஒரு பழக்கம் உண்டாம்: வேலை முடிந்ததும் பின்மூடியின் உள்பக்கத்தில் ஊசியால் ஏதாவது ஒரு குறி கீறுவார்கள், நான் திறந்தேன், நான் பார்த்தேன் என்பதற்கு அடையாளமாக. இவர் கீறுவது ஒரு குருவி. மூக்கும் வாலும் இருக்கும், அரிசி அளவுதான் இருக்கும். மூடியைப் போட்டுவிட்டால் அது இருட்டுக்குள் போய்விடும், யார் கண்ணிலும் படாது.

இனி அண்ணன் செய்கிற காரியத்தைக் கேளுங்கள். ஒரு பழைய சிங்க வாட்ச் வருகிறது. டயலைச் சுரண்டி எடுத்துக் கிளிப்பச்சை அடிக்கிறார், முள்ளை மாற்றுகிறார், கண்ணாடியை வேறு இடத்தில் வெட்டி வாங்குகிறார், சுற்று வளையத்தில் எங்கிருந்தோ வந்த கற்களைப் பதிக்கிறார், செயினை இன்னொரு கடையில் பிடிக்கிறார், சாவி கொடுக்கும் குமிழைக்கூட விடுவதில்லை. எல்லாம் முடிந்ததும் மூச்சைப் பிடித்துக்கொண்டு, மெல்லிய தூரிகையால், குழந்தைக்கு முகம் துடைப்பது போல அந்தச் சிங்கத்தைத் துடைக்கிறார். அவ்வளவுதான். ஒரிஜினல் பிறந்துவிட்டது.

ஒரிஜினலில் அவரிடம் மூன்று தரம் உண்டு. ஒரிஜினல். பக்கா ஒரிஜினல். சத்தியமா ஒரிஜினல். மூன்றாவதைக் கேட்டால் கடையைவிட்டு இறங்கிவிடுங்கள். என்னென்ன மாற்றினீர்கள் என்று கேட்டால் பதில் வராது, கேள்விதான் வரும்: போன வருஷம் நீங்க பல்லு கட்டலையா, முடிக்குச் சாயம் அடிக்கலையா, அதுக்காக வேற ஆளா ஆயிட்டீங்களா? நீங்கள் நாக்கால் பல்லைத் தடவிக்கொண்டிருக்கும்போதே வாட்ச் உங்கள் கையில் ஏறியிருக்கும்.

பில் போடும் நாற்காலியில் அவர் மனைவி. எல்லோருக்கும் அக்கா. செயினில் கண்ணி கழற்றிக்கொண்டே பேசுவார், தலை நிமிராது. அவரைக் கேட்டால், இவருடைய கல்யாண போட்டோவில் இருந்தவரில் இன்றைக்கு மிச்சம் இருப்பது மூக்கு ஒன்றுதான், அதையும் கண்ணாடி மறைத்துவிடுகிறது, ஆனாலும் நான் ஒரிஜினல் என்று நம்பித்தானே குடும்பம் நடத்துகிறேன் என்கிறார்.

சுவரில் ஒரு காகிதம் கண்ணாடிச் சட்டத்துக்குள் தொங்கியது. பாராட்டுப் பத்திரம் என்று நினைத்துக் கிட்டே போய்ப் படித்தேன். வக்கீல் நோட்டீஸ். சிங்கக் கம்பெனி அனுப்பியது. எங்கள் முத்திரையை வைத்துக்கொண்டு நாங்கள் செய்யாத பாகங்களை விற்கிறீர்கள், உடனே நிறுத்துங்கள் என்று எழுதியிருக்கிறது. அதை யாராவது சட்டம் போட்டு மாட்டுவார்களா? ஒரிஜினல்வாதி மாட்டுவார். வருகிறவர்களுக்கு விரலால் சுட்டிக் காட்டி அவர் சொல்லும் வசனம் இது:

"பாருங்க சார். போலிக்கு எவனாவது நோட்டீஸ் அனுப்புவானா?"

நான் அந்த இடத்திலேயே அவருக்கு விசிறி ஆகிவிட்டேன்.

வார் இன்னும் மாட்டவில்லை, அதற்குள் கம்பெனியின் வக்கீலே வந்துவிட்டார். இளம் பெண், கையில் சொட்டும் குடை, முகத்தில் இதற்கு முன்பும் இந்த மாடி ஏறிய களைப்பு. சுவரில் தன் கையெழுத்து தொங்குவதைப் பார்த்துக் கொஞ்ச நேரம் நின்றார். பிறகு உட்கார்ந்து பொறுமையாகச் சொன்னார். பழைய வாட்சை இருக்கிறபடி விற்றால் கம்பெனிக்கு ஒரு வருத்தமும் கிடையாது. ஆனால் டயல் வேறு, வளையம் வேறு, செயின் வேறு என்று ஆன பிறகும் நடுவில் சிங்கம் நின்றால், வாங்குகிறவர் எல்லாவற்றுக்கும் சிங்கம்தான் பொறுப்பு என்று நம்புவார், தண்ணீர் உள்ளே போனால் சிங்கத்தைத்தான் திட்டுவார். அதனால் ஒரு வழி: என்னென்ன மாற்றியது, யார் மாற்றியது, கம்பெனிக்கு இதில் சம்பந்தம் இல்லை என்பதை வாட்சிலும் பில்லிலும் வெளியே தெரிகிற மாதிரி போடுங்கள், இந்த ஒப்பந்தத்தில் ஒரு கையெழுத்துப் போடுங்கள், பிறகு தாராளமாக விற்றுக்கொள்ளுங்கள். மாட்டேன் என்றால் நாளைக் காலையில் வழக்கு. இந்த அலமாரிக்கு சீல்.

அக்காவின் கை நின்றது. அலமாரிதான் கடை. அதற்குள் இருப்பதுதான் அவர்களுடைய எல்லாமும்.

அண்ணன் பேனாவைப் பார்த்தார், அலமாரியைப் பார்த்தார், ரப்பர் விரிப்பைப் பார்த்தார். முதல் தடவையாக அவர் குரல் இறங்கியது.

"சிங்கம்னாதான் கையை நீட்டறாங்கம்மா. இது குருவி செஞ்சதுன்னு எழுதினா யாரு வாங்குவா?"

நாம் சிரித்துக்கொண்டிருந்த ஆளுக்குள் இவ்வளவு பயம் ஒளிந்திருக்கிறது என்று யார் கண்டது?

அந்த நேரம் பார்த்து ஒரு பல் டாக்டர் படியேறி வந்தார். புதிதாக வாங்கிய சிங்க வாட்ச், உள்ளே ஆவி படிந்துவிட்டது, இன்னொருவரிடம் திறந்து காட்டினாராம், உள்ளே குருவி இருக்கிறது, குருவிக் கடைக்கே போங்கள் என்று அவர் அனுப்பிவிட்டாராம். அண்ணன் லென்ஸைக் கண்ணில் மாட்டி மூடியைத் திறந்தார். குருவி இருந்தது. மூக்கும் வாலும் சரியாக, அவர் கீறியது. மற்றதெல்லாம்? டயலில் அடித்தது வீட்டுச் சுவருக்கு அடிக்கிற பெயிண்ட் போல இருந்தது. ஒரு முள் குண்டு, ஒரு முள் ஒல்லி. உள்ளே இருந்த மெஷின் பொம்மைக் கடிகாரத்தில் இருந்து தப்பி வந்தது.

எங்கே வாங்கினீர்கள் என்று அண்ணன் கேட்டார். கீழே, படிக்கட்டுக்குப் பக்கத்துக் கடையில். அது யார் கடை? அக்காவின் தம்பி கடை. அண்ணன் மொத்தமாகக் கொடுத்த வாட்சுகளை வாங்கி விற்கிறவர்.

போன் போனது. மச்சான் பல்லில் குச்சியோடு மேலே வந்தார், வாட்சைப் பார்த்தார், துளிகூட அசரவில்லை.

"எல்லாத்தையும் மாத்தினேன் மாமா, ஒத்துக்கறேன். குருவியை மட்டும் நான் தொடவே இல்ல."

கேட்டீர்களா? மச்சான் அதோடு நிறுத்தவில்லை. போன வருஷம் நீங்க பல்லு கட்டினீங்களே மாமா, அதுக்காக வேற ஆளா ஆயிட்டீங்களா என்று அவருடைய வசனத்தையே எடுத்து வைத்தார். பல் டாக்டர் தலையைத் தூக்கி அண்ணனின் வாயைப் பார்த்தார், தொழில் புத்தி.

அண்ணனுக்கு முகம் சிவந்து, லென்ஸ் கண்ணில் இருந்து விழுந்து விரிப்பில் உருண்டது. நான் பெரிய சத்தம் வரும் என்று காதைத் தயார்செய்தேன். வந்தது சின்னக் குரல்.

"அது என் குருவிடா. நான் தொடாத வேலைக்கு அது எப்படிடா பதில் சொல்லும்?"

வக்கீல் குடையை மெதுவாகச் சாய்த்து வைத்தார்.

"அண்ணே, இதையேதான் நான் நோட்டீஸ்ல எழுதினேன். இவ்வளவு நல்லா எனக்கு எழுத வரல."

சொல்லுங்கள், இதற்கு மேல் ஒரு மனிதனை எதால் அடிக்க முடியும்? அண்ணன் சுவரில் தொங்கிய நோட்டீஸைத் திரும்பிப் பார்த்தார். அதை அவர் அப்போதுதான் முதல் தடவையாகப் படித்தார் என்று நினைக்கிறேன்.

ஆனால் கதையின் இனிப்பு இனிமேல்தான். ஏன்டா குருவியை மட்டும் விட்டாய், அதையும் சுரண்டியிருக்கலாமே என்று அக்கா தம்பியைக் காய்ச்சினார். மச்சான் குச்சியை எடுத்துவிட்டு, இதுகூடத் தெரியாதா என்கிற மாதிரி விளக்கினார். ஊரெல்லாம் எவனெவனோ சிங்கம் விற்கிறான், எது உண்மை எது பொய் என்று தெரியாமல் வாங்குகிறவர்களுக்கு சிங்கத்தைக் கண்டாலே பயமாம். அதனால் மூடியைத் திறந்து குருவியைக் காட்டினால்தான் நம்புகிறார்களாம். பல் டாக்டரும் ஆமாம் என்றார், தானும் குருவியைப் பார்த்துத்தான் வாங்கினாராம்.

அண்ணன் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். தன் பெயரைத் திருடிவிட்டான் என்கிற கோபமும், திருடுகிற அளவுக்குத் தனக்கு ஒரு பெயர் இருக்கிறது என்கிற சந்தோஷமும் ஒரே முகத்தில் வந்தால் எப்படி இருக்கும்? மீசை ஒரு பக்கம் அழுதது, இன்னொரு பக்கம் சிரித்தது.

"குருவிக்கே மதிப்பு இருக்குன்னு நானும் சொல்லிச் சொல்லி வாய் வலிச்சுப்போச்சு. என் தம்பி திருடினாதான் மண்டையில ஏறுது," என்றார் அக்கா.

ஒப்பந்தத்தில் அண்ணனின் கையெழுத்து விழுந்தது. அதோடு விட்டாரா? டாக்டரின் வாட்சை அங்கேயே பிரித்தார், மச்சான் போட்டதையெல்லாம் கழற்றி மச்சான் கையிலேயே கொடுத்தார், தன்னிடம் இருந்த மெஷினையும் டயலையும் முள்ளையும் பொருத்தினார், மூடியைப் போட்டார். பிறகு ஊசியை எடுத்து, இந்தத் தடவை மூடியின் வெளிப்பக்கத்தில், வெளிச்சத்தில், அரிசி அளவில் இல்லை, மொச்சை அளவில் ஒரு குருவி கீறினார். டாக்டரிடம் அவர் சொன்னதை அப்படியே தருகிறேன், ஏனென்றால் இந்த இனத்தில் ஒருவர் வாயில் இருந்து இது வந்ததாக இதுவரை நான் கேள்விப்பட்டதில்லை. டயல் என்னுது, கண்ணாடி என்னுது, செயின் வேற கடையுது, சிங்கம் கம்பெனியுது, அவங்களுக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்ல, நின்னுபோனா என்னைத்தான் திட்டணும். நான் கைதட்டிவிட்டேன். வெட்கமாக இருந்தது, ஆனாலும் நிறுத்தவில்லை. வக்கீலும் தட்டினார்.

திருந்திவிட்டார் என்று நினைக்கிறீர்களா? நானும் அப்படித்தான் நினைத்தேன். வாரை மாட்டிக்கொண்டு கிளம்பும்போது திரும்பிப் பார்த்தேன். நோட்டீஸை இறக்கி, அதே சட்டத்துக்குள் ஒப்பந்தத்தின் பிரதியைச் செருகி மாட்டிவிட்டார். படியேறி வந்த புது ஆளிடம் விரல் நீண்டது.

"பாருங்க சார், கம்பெனியே நம்மகூட கையெழுத்துப் போட்டிருக்கு. இங்க இருக்கிற மாற்றுப் பாகம் எல்லாம் சத்தியமா ஒரிஜினல்."

நீங்களும் ஒரு நடை போய்ப் பாருங்கள். வாங்காவிட்டாலும் பரவாயில்லை, மூடியைத் திருப்பிக் காட்டச் சொல்லுங்கள், அந்தக் குருவியை வெளிச்சத்தில் பார்த்தால் மனசு குளிர்ந்துவிடும். அவரைப் பார்த்துச் சிரிக்கும்போது மட்டும் கொஞ்சம் ஜாக்கிரதை. உங்கள் செல்போனில் உங்கள் படம் என்று வைத்திருக்கிறீர்களே, அந்த முடி இப்போது எங்கே? அந்த இடுப்பு? கல்லூரியில் எல்லோரையும் எதிர்த்துப் பேசியவன் நான் என்று இன்னமும் சொல்கிறீர்களே, அந்த ஆளில் எந்தப் பாகம் இன்னும் ஓடுகிறது? பெயர் மட்டும் அப்படியே இருக்கிறது, இல்லையா?

பிடித்திருந்தால் இதை நாலு பேருக்கு அனுப்புங்கள். தொடக்கத்தை வெட்டி, நடுவில் உங்கள் சித்தப்பாவைச் சேர்த்து, முடிவை மாற்றி அனுப்பினாலும் எனக்குக் கோபம் இல்லை. கீழே ஒரு குருவி மட்டும் போட்டுவிடுங்கள்.