உன் சின்னவனைத் திரும்ப அழைத்துக்கொள்வது குறித்து

என்றும் என் மரியாதைக்குரிய அக்காவுக்கு,

உன் தம்பி எழுதுவது. இங்கே எல்லோரும் உடம்பளவில் சௌக்கியம். அத்தானுக்கு முழங்கால் வலி குறைந்ததா? பெரியவனுக்கு வேலை நிரந்தரமாகிவிட்டதா? இதற்கெல்லாம் நிதானமாகப் பதில் போடு, அவசரமில்லை. இனி எழுதப்போகும் விஷயத்துக்கு மட்டும் பதிலே போட வேண்டாம். நீயே நேரில் புறப்பட்டு வா. வந்து உன் சின்னவனைக் கூட்டிக்கொண்டு போ.

போனில் சொல்லியிருக்கலாமே என்பாய். போனில் சொன்னால் நீ அழுவாய். நீ அழுதால் நான் சொல்ல வந்ததை விட்டுவிட்டு, "சரி சரி, இருந்துட்டுப் போகட்டும்" என்று சொல்லிவிடுவேன். அவனை இங்கே கொண்டுவந்து விட்ட அன்றைக்கும் அதுதான் நடந்தது. அதனால்தான் கடிதம். காகிதத்தில் நீ அழுவது எனக்குக் கேட்காது.

முதலில் ஒன்றைத் தெளிவுபடுத்திவிடுகிறேன். அவன் எங்கள் துறையில் ஆராய்ச்சி மாணவனாகச் சேர்ந்தது அவன் சாமர்த்தியத்தால். நேர்முகத் தேர்வில் அவன் முறை வந்தபோது நான் எழுந்து வெளியே போய்விட்டேன். அவனுக்கு வழிகாட்டியும் நான் இல்லை, என் அடுத்த அறையில் இருக்கும் பேராசிரியை. துறைத் தலைவரின் அக்கா மகன் என்று யாரும் சொல்லிவிடக் கூடாது என்பதில் நான் அவ்வளவு கவனமாக இருந்தேன். இவன் என்ன செய்தான் தெரியுமா? வந்த முதல் நாளே, சிவில் துறையின் நீண்ட தாழ்வாரத்தின் அந்தக் கோடியிலிருந்து, "மாமா! சிமென்ட் மூட்டை எங்க இருக்கு?" என்று கத்தினான். அன்றோடு போச்சு. இப்போது மாணவர்கள் எனக்குப் பின்னால் மாமா என்கிறார்கள், அலுவலக உதவியாளர் பாதி நேரம் முன்னாலேயே சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொள்கிறார். போன மாதம் சிமென்ட் கொடுத்துவிட்டுப் போக வந்த லாரி டிரைவர், "மாமா ரூம் எது சார்?" என்று என்னிடமே கேட்டார். காட்டினேன். வேறென்ன செய்ய?

சரி, அது போகட்டும். கான்கிரீட் ஆராய்ச்சி என்றால் கட்டி வார்க்க வேண்டும். க்யூப் என்போம். எல்லாப் பக்கமும் சதுரமாக, ஒரு சாண்கூட இருக்காது, கனம் மட்டும் ஆளை அமுக்கும். வார்த்த கட்டிகளைத் தண்ணீர்த் தொட்டியில் ஊறப்போட்டு, பிறகு எந்திரத்தில் வைத்து நசுக்கி, எவ்வளவு தாங்கியது என்று பார்ப்பது வழக்கம். சோதனைக்கூடத்துத் தொட்டியில் இவன் கட்டிகளுக்கு இடமில்லையாம். மற்ற மாணவர்கள் எல்லாரும் வாயை மூடிக்கொண்டு காத்திருக்கிறார்கள். இவன் காத்திருப்பானா? உன் தம்பி மனைவியிடம் போய் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு நின்றான். அவள், "நம்ம வீட்டுப் பின்னாடி அவ்வளவு இடம் சும்மாதானே கெடக்கு" என்றுவிட்டாள். நான் கல்லூரிக்குப் போய் வருவதற்குள் கொல்லைப்புறத்தில் ஒரு பெரிய பிளாஸ்டிக் தொட்டி வந்து உட்கார்ந்துவிட்டது. அதற்கப்புறம் என் வீட்டில் எங்கே திரும்பினாலும் க்யூப். கதவு சாத்திக்கொள்ளாமலிருக்க ஒரு க்யூப், மாடிப்படி அடியில் வரிசையாக க்யூப், குளியலறை வாசலில் ஏன் என்று யாருக்கும் தெரியாமல் ஒரு க்யூப். அதில்தான் என் கால் கட்டைவிரல் போய் இடித்தது. நகம் கறுத்து விழுந்துவிட்டது. அன்றிலிருந்து கொல்லைப்பக்கம் தலைவைத்துப் படுப்பதில்லை என்று முடிவு செய்தேன். அக்கா, அது எவ்வளவு பெரிய தவறு என்று அப்போது தெரியவில்லை.

ஏனென்றால் அத்தைக்கும் மருமகனுக்கும் நடுவில் ஏதோ ஓடிக்கொண்டிருந்தது. காலையில் எழுந்ததும் அவன் டார்ச்சை எடுத்துக்கொண்டு பின்பக்கம் போவான். இவள் காபியை எடுத்துக்கொண்டு பின்னாலேயே போவாள். எனக்குக் காபி வருவதற்குள் பேப்பர் படித்து முடித்துவிடுவேன். "பின்னாடி என்னடா தினமும்?" என்று கேட்டால், "தொட்டில தண்ணி மட்டம் பாக்கறேன் மாமா" என்பான். இவள் உடனே, "பாவம், எவ்வளவு பொறுப்பா இருக்கான் பாருங்க" என்பாள். ஒருநாள் சாப்பிடும்போது அவள் மெல்லிய குரலில், "இன்னைக்கு எவ்வளவு?" என்று கேட்டாள். அவன் இரண்டு விரல்களை லேசாக அகட்டிக் காட்டினான். நான் ஏதோ உப்பு அளவு பற்றிப் பேசுகிறார்கள் என்று நினைத்தேன். கட்டுமானத்தில் முனைவர் பட்டம் வாங்கியவன் நான். என் சோற்றுத் தட்டுக்கு எதிரில் உட்கார்ந்து என் வீட்டு விரிசலைப் பற்றிப் பேசுகிறார்கள், நான் குழம்பு ஊற்றிக்கொண்டிருக்கிறேன்.

ஆமாம், விரிசல். பின்பக்கத்து ஸ்டோர் ரூம் மூலையில், தரையிலிருந்து ஜன்னல் வரைக்கும் சாய்வாக. அந்த மூலை கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே இறங்கிக்கொண்டிருக்கிறது. இதைக் கண்டுபிடித்தவன் மாமாவிடம் வந்து சொல்ல வேண்டுமா வேண்டாமா? நீயே சொல். இவன் நேராக அவன் வழிகாட்டியிடம் போய், தலைப்பையே மாற்றிக்கொண்டுவிட்டான். க்யூபெல்லாம் தள்ளிவைத்தாயிற்று, இனி இறங்கும் வீடுதான் ஆராய்ச்சி. அந்த அம்மா, "வீட்டுக்காரர் சம்மதம் இருக்கா?" என்று கேட்டிருக்கிறார். "இருக்கு மேடம்" என்று கையெழுத்தைக் காட்டியிருக்கிறான். யார் கையெழுத்து? உன் தம்பி மனைவியுடையது.

இப்போது கருத்தரங்குக்கு வருகிறேன். வருஷா வருஷம் எங்கள் துறையில் ஆராய்ச்சி மாணவர்கள் எல்லோர் முன்னிலையிலும் தங்கள் வேலையை விளக்க வேண்டும். தலைமை நான். சிறப்பு விருந்தினராக ஒரு தலைமைப் பொறியாளரைக் கூப்பிட்டிருந்தோம். வெடுக்கென்று பேசுகிற மனிதர். அவர் முன்னால் நானும் கொஞ்சம் மிடுக்காக இருக்க வேண்டும் என்று நினைத்தேன், அது ஒரு குற்றமா? இவன் எழுந்து வந்தான். திரையில் ஒரு சுவர், கிட்டத்தில் எடுத்த படம், விரிசல். அடுத்ததும் விரிசல், அது இன்னும் விரிகிறதா என்று பார்க்கக் குறுக்கே ஒட்டிய கண்ணாடிப் பட்டை உடைந்திருந்தது. நான் பொறுக்காமல் மைக்கை இழுத்து, "ஒரு நிமிஷம்பா. இந்த அஸ்திவாரத்தை வடிவமைச்சது யாரு?" என்று கேட்டேன்.

"சார், அதைக் கடைசியில சொல்றேன் சார்."

"ஏன், இப்பவே சொன்னா என்ன? இந்த மாதிரி அஸ்திவாரம் போடறவருக்குப் பட்டம் யாரு குடுத்தாங்கன்னு எல்லாருக்கும் தெரியட்டுமே. மண்ணைத் தொட்டாவது பார்த்திருப்பாரா அந்த மகானுபாவர்?"

அரங்கம் சிரித்தது. தலைமைப் பொறியாளர் என் தொடையில் தட்டினார். எனக்கு இன்னும் உற்சாகம் வந்துவிட்டது. அவன் முகம் வெளுத்துப்போய், "வேண்டாம் சார்" என்றான். எனக்கு அப்போதாவது உறைத்திருக்க வேண்டும். "பயப்படாதப்பா, நான் இருக்கேன், அடுத்த படத்தைப் போடு" என்றேன்.

போட்டான்.

அக்கா, அந்தப் படத்தில் என் வீட்டுப் பின்பக்கம் முழுதாகத் தெரிந்தது. கொடியில் என் கோடு போட்ட பனியன் காய்ந்துகொண்டிருந்தது. விரிசலுக்குப் பக்கத்தில் ஓர் அளவுகோலைப் பிடித்துக்கொண்டு, ஏதோ கல்யாண ஆல்பத்துக்கு நிற்பது போல உன் தம்பி மனைவி சிரித்துக்கொண்டு நின்றாள். காலையில் எங்கள் வீட்டில் காபி குடித்திருந்த தலைமைப் பொறியாளர் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, "இது உங்க வீட்டம்மா இல்லையா?" என்று கேட்டார். பின்வரிசையிலிருந்து ஒரு குரல், "மாமா வீடுடா!" என்றது. அதற்குப் பிறகு எழுந்த சிரிப்பை நான் எழுத மாட்டேன்.

அந்த வீட்டின் வரைபடம் நான் போட்டது. அஸ்திவாரம் தோண்டிய அன்றைக்கு நீயும் அத்தானும்கூட வந்திருந்தீர்கள். எழுந்து போய்விடலாமா என்று பார்த்தேன், தலைமை வகிப்பவன் நடுவில் எழுந்து போக முடியாதே. அப்போது உன் சின்னவன் மைக்கைப் பிடித்துக்கொண்டு கடகடவென்று சொல்லிவிட்டான்: "அஸ்திவாரத்துல ஒரு தப்பும் இல்ல சார். பக்கத்துல குழி தோண்டிப் பார்த்துட்டேன், வரைபடத்துல இருக்கறதைவிட நல்லாவே கட்டியிருக்கு. அடியில மண்ணுதான் தண்ணி ஊறி இளகியிருக்கு. க்யூப் ஊறப்போடற தொட்டியில ஒழுகல். தொட்டியை அங்க வெச்சது நான். தப்பு என்னோடது."

தலைமைப் பொறியாளர், "அப்போ நீயே உண்டாக்கின விரிசலைத்தான் நீயே ஆராய்ச்சி பண்றியா?" என்று கேட்டார். மறுபடியும் சிரிப்பு. அவன் வழிகாட்டி தலையைக் கையில் தாங்கிக்கொண்டார். இந்தத் தலைப்பு நிற்குமா, இவனே நிற்பானா என்று ஆராய்ச்சிக் குழு கூடித்தான் சொல்லுமாம்.

வீட்டுக்கு வந்து கத்தினேன், மறைக்கவில்லை. என் வீட்டைச் சாய்த்தாய், சாய்ந்ததை மறைத்தாய், ஊர் முன்னால் என்னை நானே திட்டிக்கொள்ள வைத்தாய், இன்னும் என்னடா பாக்கி என்று கேட்டேன். பதிலுக்கு ஒரு வார்த்தை பேசியிருந்தால்கூட மனசு ஆறியிருக்கும். "சரி மாமா, ஊருக்குப் போயிடறேன்" என்று சொல்லிவிட்டு மாடிக்குப் போய் துணியை மடிக்க ஆரம்பித்துவிட்டான். இவளானால் அடுப்பங்கரையில் பாத்திரத்தை நங்கு நங்கென்று வைக்கிறாள். ஏற்கெனவே இறங்குகிற வீடு, எத்தனை அடி தாங்கும்? என்னால் முடியாது அக்கா. சத்தியமாக முடியாது. வா, கூட்டிக்கொண்டு போ, அங்கே ஏதாவது வங்கித் தேர்வு எழுதட்டும். ஈரம் படாத வேலையாகப் பார்.

அத்தானுக்கு என் வணக்கங்கள். பெரியவனுக்கு என் ஆசிகள். சின்னவனுக்குக் கொடுக்க வேண்டியதை நேரிலேயே நிறையக் கொடுத்தாயிற்று. உன் உடம்பைப் பார்த்துக்கொள்.

என்றும் உன் அன்புத் தம்பி.

பின்குறிப்பு: வராதே. அதாவது, கூட்டிப்போக வராதே. மேலே எழுதியதைக் கொஞ்ச நேரம் மறந்துவிடு. உறையில் போடுவதற்குள் இவள் வந்து, "அண்ணிக்கு என்ன எழுதினீங்க, குடுங்க" என்று பிடுங்கிப் படித்தாள். படித்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்து, "தொட்டி ஒழுகலைங்க" என்றாள். முன்வாசலில் சோப்புத் தண்ணீர் வழுக்குகிறது என்று நான் ஒருமுறை சத்தம் போட்டேனாம். அதனால் வாஷிங் மெஷின் குழாயைப் பின்பக்கம் திருப்பி, அந்த மூலையில் அவள் வைத்த ரோஜாச் செடிக்கு விட்டுவிட்டாளாம். இவன் வந்து சேர்வதற்கு முன்பிருந்தே அந்தத் தண்ணீர் மண்ணுக்குள் போய்க்கொண்டிருந்திருக்கிறது. குழி தோண்டியபோது இவன்தான் கண்டுபிடித்துக் குழாயை மாற்றியிருக்கிறான். அவள் அழுதிருக்கிறாள். அதற்கு இவன், "விடுங்க அத்தை, என்னைத் திட்டினா மாமா ஒரு ராத்திரி திட்டுவார். உங்களைத் திட்டினா ஆயுசுக்கும் சொல்லிக் காட்டுவார்" என்றானாம்.

நம்பாமல் நானே போய்ப் பார்த்தேன். தொட்டி விளிம்பு வரை நிறைந்திருக்கிறது, அடியில் தரை காய்ந்து கிடக்கிறது. இதை நான் முன்பே போய்ப் பார்க்கவில்லை என்று கருத்தரங்குக்கு வந்தவர்கள் யாருக்கும் தெரிய வேண்டாம்.

ஆக, உன் பிள்ளை ஒரு சபையில் பொய்யான முடிவைச் சொல்லியிருக்கிறான். ஆராய்ச்சியில் இதைவிடப் பெரிய குற்றம் கிடையாது. துறைத் தலைவர் என்ற முறையில் இதை விட மாட்டேன். குழுவுக்கு உண்மையை எழுதி, ஆய்வை முதலிலிருந்து திருத்தி, அதே அரங்கில் அவன் மறுபடியும் நின்று சொல்ல வேண்டும். அதற்கு எத்தனை வருஷமானாலும் அவன் இங்கேதான் இருந்தாக வேண்டும். மாடிக்குப் போய் இதைக் கண்டிப்பாகச் சொன்னேன். மடித்த சட்டையைக் கையில் வைத்துக்கொண்டே, "அத்தையைத் திட்டினீங்களா மாமா?" என்று கேட்டான். இல்லை என்றேன். சட்டையை உதறி ஆணியில் மாட்டினான்.

கடிதத்தைக் கிழித்துப்போடலாம் என்று பார்த்தேன், இவள் விட மாட்டேன் என்கிறாள். நான் எழுதியதை அண்ணி படித்தே ஆக வேண்டுமாம்.