பூமித் தராசுக்கு ஆயுத பூஜை

பூமியை எடைபோடுகிற தராசை மல்லிகைச் சரத்தால் கட்டிப்போட்ட பொம்பளை மைசூர் ராஜ்யத்திலேயே நான் ஒருத்திதான் இருப்பேன். இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை. (கொஞ்சம் பெருமைதான். வேறென்ன இருக்கு என்கிட்ட?)

நான் மண்டி மொஹல்லாவில் பிறந்தவள். அப்பாவுக்கு ராகி, அவரை, கொள்ளு வியாபாரம். மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடம் என்னை விட்டது, நானும் அதை விட்டேன், இரண்டு பேருக்கும் வருத்தமில்லை. எழுத்துக் கூட்டித்தான் படிப்பேன். ஆனால் தராசு முள் எந்தப் பக்கம் சாய்கிறது என்று தெருமுனையிலிருந்தே சொல்லிவிடுவேன். அப்படிப்பட்டவளைக் கொண்டுபோய்க் காலேஜில் பௌதிகம் சொல்லிக்கொடுக்கிறவருக்குக் கட்டிவைத்தார்கள். சொல்லிக்கொடுக்கிறவர் என்றால், சொல்லிக்கொடுக்கிறவருக்குச் சாமான் எடுத்துக் கொடுக்கிறவர். அதுவும் தற்காலிகம். பெண் பார்க்க வந்தபோது 'சர்க்கார் உத்தியோகம்' என்றார்கள். சர்க்கார் நிலையாகத்தான் இருந்தது, உத்தியோகம்தான் ஆடிக்கொண்டிருந்தது.

கோட்டை மொஹல்லாவில் மாமியார் வீட்டில் குடித்தனம். என் அத்தை கெட்டவர் இல்லை. நான் போட்ட காப்பியைக் குடித்துவிட்டு, "தண்ணி நல்லா சுட்டிருக்குடி" என்று பாராட்டுகிற ரகம். அதனால் எனக்கு வாழ்க்கையில் ஒரே ஒரு ஆசை மிஞ்சியிருந்தது. லக்ஷ்மீபுரத்தில் ஒரு வீடு காலியாக இருந்தது. வீட்டுக்குள்ளேயே குழாய், சமையலறையில் ஜன்னல், முக்கியமாக அத்தை கிடையாது. வேலை நிரந்தரமானால் அந்த வீட்டுக்குப் போகலாம் என்று எங்கள் வீட்டுக்காரர் சத்தியம் செய்திருந்தார். எந்தச் சுவரில் எந்த ஆணி அடிப்பது என்பது வரைக்கும் நான் முடிவு செய்தாகிவிட்டது.

நிரந்தரம் செய்வது அவருடைய புரொபசர் கையில் இருந்தது. தலையில் மைசூர்ப் பேட்டா கட்டிக்கொண்டு, கோட்டின் எல்லாப் பொத்தானையும் போட்டுக்கொள்ளும் கன்னடக்காரர். அவர் ஒரு வேலை கொடுத்தார். ஒரு எண்ணை அளந்து சொல்ல வேண்டும், ஒழுங்காக அளந்தால் தசரா முடிந்ததும் மேலிடத்துக்கு எழுதுகிறேன் என்றார். காலேஜ் ரோட்டில் ஜட்கா வண்டிகள் ஓடி ஓடித் தரை அதிருமாம். எங்கள் வீட்டில் தானியம் கொட்டுகிற பின்னறைக்கு மண்சுவர் தடிமன், ஜன்னல் கிடையாது, வெயிலும் குளிரும் எட்டாது. ஆகவே விஞ்ஞானம் எங்கள் ராகி மூட்டைக்குப் பக்கத்தில் வந்து இறங்கியது.

அது என்ன எண் என்று கேட்டேன்.

"உலகத்துல எந்த ரெண்டு சாமான வச்சாலும் ஒண்ண ஒண்ணு இழுக்கும். நீ, நான், உரல், உலக்கை, எல்லாம்தான்."

"அத்தையும் நானுமா?"

"ஆமா, நீங்களும்தான்."

"எனக்குத் தெரிஞ்சு இழுக்கலீங்களே."

"ரொம்ப ரொம்பக் கம்மியா இழுக்கும். எவ்வளவு கம்மின்னு சொல்றதுதான் அந்த எண். அது கிடைச்சா பூமியோட எடையையே சொல்லிடலாம். மைசூர்லயும் அதே எண், சீமைலயும் அதே எண், சந்திரன்லயும் அதே எண். மாறவே மாறாது."

"அப்ப வெள்ளைக்காரன் ஏற்கெனவே அளந்திருப்பானே?"

"அளந்தாச்சு. புஸ்தகத்துலயே போட்டிருக்கு. ஆறு புள்ளி ஆறு ஆறு. அதுக்கு முன்னாடி நிறைய சைபர் வரும், அது உனக்கு வேணாம்."

"பின்ன எதுக்கு மறுபடியும்?"

"உங்கப்பா கடைப் படிக்கல்ல சர்க்கார் முத்திரை இருக்குல்ல? அப்புறமும் வருஷா வருஷம் வந்து ஏன் சரிபாக்கறாங்க?"

"அது எங்கப்பாவால."

அந்தத் தராசு இப்படி இருக்கும். மேலிருந்து தலைமுடி மாதிரி ஒரு கம்பி. அதில் குறுக்காக ஒரு குச்சி. குச்சியின் இரண்டு முனையிலும் எலுமிச்சம்பழம் அளவு ஈயக் குண்டு. நடுவில் பொட்டு டப்பா மூடி மாதிரி ஒரு குட்டிக் கண்ணாடி. இது எல்லாம் ஒரு கண்ணாடிப் பெட்டிக்குள். வெளியே பூசணிக்காய் மாதிரி இரண்டு பெரிய ஈயக் குண்டுகள். பெரியது சின்னதை இழுத்தால் குச்சி துளியூண்டு திரும்பும். விளக்கு வெளிச்சம் அந்தக் குட்டிக் கண்ணாடியில் பட்டுத் திரும்பிச் சுவரில் விழும். அந்த வெளிச்சப் புள்ளி நகர்வதை, பூட்டிய கதவின் ஓட்டை வழியாக, டெலஸ்கோப் வைத்துப் பார்த்து எழுத வேண்டும். உள்ளே யாரும் போகக் கூடாது. மனுஷர் மூச்சுக் காற்றுப் பட்டால்கூட ஆடிவிடுமாம்.

மாறவே மாறாத அந்த எண் எங்கள் வீட்டில் தினம் மாறியது. ஒரு நாள் ஐந்து, ஒரு நாள் ஒன்பது. அத்தை எந்திரக் கல்லில் ராகி அரைத்த அன்றைக்குப் பதினொன்று. "அம்மா, நீ அரைச்சா பிரபஞ்சமே கெட்டுப்போவுது" என்று அவர் கத்துவார். "நான் அரைக்கலன்னா உன் வயிறு கெட்டுப்போவும், எது பரவால்ல?" என்று அத்தை கல்லைச் சுற்றிக்கொண்டே இருப்பார். எங்கள் வீட்டுக்காரர் இளைத்துப்போனார். எனக்கும் கவலைதான். லக்ஷ்மீபுரத்து வீட்டை வேறு யாரோ வந்து பார்த்துவிட்டுப் போனதாகப் பேச்சு.

இந்த லட்சணத்தில் நவராத்திரி வந்தது. நவமியன்று காலையில் அவர் சிநேகிதர்களோடு தசரா எக்ஸிபிஷன் பார்க்கப் போய்விட்டார். நானும் அத்தையும் அரிவாள்மணை, கத்தரிக்கோல், முறம், உலக்கை எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம் வைத்து முடித்தோம். அப்போதுதான் என் வியாபாரி ரத்தம் கொதித்தது.

எங்கள் கடையில் ஆயுத பூஜை என்றாலே தராசுக்குத்தான். புளி போட்டுத் துலக்கி, தட்டுக்குத் தட்டு பொட்டு வைத்து, ஆடாமல் இருக்கப் பூச்சரத்தால் கட்டிவிடுவார் அப்பா. "வருஷம் பூரா நமக்காகச் சாஞ்சு சாஞ்சு குடுத்துச்சு. இன்னிக்கு ஒரு நாளாவது நேரா நிக்கட்டும்" என்பார். அந்த வீட்டுப் பெண் நான். இந்த வீட்டில் பூமியையே நிறுக்கிற தராசு பொட்டில்லாமல் நிற்கிறது! பூஜை செய்யாமல் விட்டால் எண் எப்படிச் சரியாக வரும்?

"அத்தே, அவரு ரூமுக்கு இன்னொரு சாவி உங்ககிட்ட இருக்குல்ல?"

"இருக்கு. ஆனா நான் குடுத்தேன்னு சொல்லாத" என்று இடுப்பிலிருந்து எடுத்துக் கொடுத்தார்.

உள்ளே போனேன். பெரிய குண்டுகளுக்கு விபூதிப் பட்டை போட்டுக் குங்குமம் வைத்தேன். செத்துப்போன மாமனாரின் படம் மாதிரியே இருந்தது. பெட்டியைத் திறந்தேன். ஆளே இல்லாத அறையில் குச்சி தானாக ஆடிக்கொண்டிருந்தது. (பார்க்கவே பாவமா இருந்துச்சு, ஓய்வே இல்ல அதுக்கு.) சின்னக் குண்டுகளுக்குப் பொட்டு. குட்டிக் கண்ணாடிக்கு, அது கண்ணாடி ஆயிற்றே என்று, முகம் முழுக்க மறைகிற மாதிரி சந்தனம் அப்பி நடுவில் குங்குமம். கடைசியாகக் குச்சியை மல்லிகைச் சரத்தால் பெட்டிச் சட்டத்தோடு சேர்த்து மூன்று சுற்றுச் சுற்றி முடிச்சுப் போட்டேன். ஆட்டம் நின்றது. பூட்டிவிட்டு வந்தேன்.

மறுநாள் விஜயதசமி. காலையில் அவர் குளிக்கிற நேரம் பார்த்துப் போய்ப் புதுச் சரம் ஒன்றும் மேலே கட்டினேன். மத்தியானம் அவர் அறிவித்தார்:

"இன்னிக்கு ஊரே ஜம்பு சவாரி பாக்கப் போயிடும். தெருல ஒரு வண்டி ஓடாது. கடைசி ரீடிங் எடுக்க இதவிட நல்ல நேரம் கிடைக்காது. நீங்க போய் யானைய பாருங்க, நான் வீட்ல இருக்கேன்."

என்ன தியாகம்! மகாராஜா அம்பாரியில் போவதைக்கூடப் பார்க்காமல் எனக்காக உழைக்கிறாரே என்று மூக்கை உறிஞ்சிக்கொண்டே போனேன். திரும்பி வந்தபோது வாசலிலேயே காகிதத்தோடு நின்றார்.

"வந்துடுச்சு! ஆறு புள்ளி ஆறு ஆறு! மூணு தடவ எடுத்தேன், மூணும் ஒண்ணே!"

எனக்குப் புல்லரித்தது. எல்லாம் என் பூஜை செய்த வேலை. அப்போதே சொல்லியிருப்பேன். ஆனால் உள்ளே போனதற்குத் திட்டுவார். நாளைக்குப் புரொபசர் பாராட்டும்போது, சமயம் பார்த்து, அடக்கமாகச் சொல்லிக்கொள்ளலாம் என்று வைத்துக்கொண்டேன். (அடக்கமாம். மூஞ்சியப் பாரு.)

மறுநாள் புரொபசர் வந்தார். காகிதத்தை வாங்கிப் பார்த்தார். "பேஷ், பேஷ்" என்றார். கதவுக்குப் பின்னால் காப்பித் தட்டோடு நின்ற நான் மனசுக்குள் லக்ஷ்மீபுரத்துக் குழாயைத் திறந்துவிட்டேன்.

"நேத்து எடுத்ததா?"

"ஆமா சார். நேத்து சாயங்காலம். தெரு அமைதியா இருந்தப்ப."

"ஹௌதா, அப்படியா? அப்ப கருவிய ஒரு தடவ பாத்துடலாம்."

எங்கள் வீட்டுக்காரர் குதூகலமாகப் போய்ப் பூட்டைத் திறந்தார். குப்பென்று மல்லிகையும் சந்தனமும் வெளியே வந்தன.

"ஏனிது? கல்யாணச் சத்திரமா?" என்றார் புரொபசர்.

எங்கள் வீட்டுக்காரர் எட்டிப் பார்த்தார். அவர் முகத்தில் இருந்த ரத்தமெல்லாம் எங்கே போயிற்றோ தெரியவில்லை. ஆனாலும் படித்தவர் அல்லவா, சட்டென்று சமாளித்தார்.

"பொம்பளைங்க வேல சார். ஆயுத பூஜைன்னு இன்னிக்குக் காலைல வச்சிருப்பாங்க. ரீடிங் எல்லாம் முடிச்ச பிறகு."

இந்த இடத்தில் நான் காப்பியை வைத்துவிட்டுப் பேசாமல் போயிருந்தால் இன்றைக்கு லக்ஷ்மீபுரத்தில் இருந்திருப்பேன். ஆனால் இன்றைக்கு ஏகாதசி! மண்டிக்காரர் பெண், ஏகாதசியில் ஆயுத பூஜை செய்தாள் என்று ஒரு பெரிய மனுஷர் முன்னால் சொன்னால் எப்படிப் பொறுப்பேன்? கதவைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்தேன்.

"இல்லீங்க ஐயா. நவமி அன்னிக்கே வச்சாச்சு. ஏகாதசிக்கு எவளாவது ஆயுத பூஜ பண்ணுவாளா?"

எங்கள் வீட்டுக்காரர் என்னைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினார். சந்தனத் தூள் விழுந்துவிட்டது போல என்று நினைத்தேன்.

"நவமிக்கே? அப்புறம் எடுத்துட்டீங்களா அம்மா?" புரொபசர் ரொம்ப மரியாதையாகத்தான் கேட்டார்.

"எடுக்கறதா? நேத்து காலைல புதுப் பூ வேற கட்டினேனுங்க. பழசு மேலயே."

"இந்தக் கண்ணாடிக்குப் பொட்டு?"

"அதுவும் நவமிக்கே. கண்ணாடிய வெறுமனே விடலாமா?"

"ஒருவேளை நேத்து சாயங்காலம் முடிச்சு அவுந்து, குச்சி ஆடியிருக்குமோ?"

அந்த நல்ல மனுஷர் அவருக்கு ஒரு வழி விட்டுத்தான் கேட்டிருக்கிறார். இப்போது புரிகிறது. அப்போது என் முடிச்சைச் சந்தேகப்படுகிறார் என்றுதான் பட்டது.

"மண்டிக்காரன் பொண்ணு போட்ட முடிச்சுங்க! அம்பாரி யானை வந்து இழுத்தாலும் அவுறாது. வேணும்னா நீங்களே இழுத்துப் பாருங்க."

அவர் விரலால் லேசாகத் தட்டிப் பார்த்தார். குச்சி அசையவில்லை. பிறகு எங்கள் வீட்டுக்காரரைப் பார்த்தார்.

"உலகத்துல எத்தனையோ பேர் இத அளந்திருக்காங்க. கட்டிப்போட்ட தராசுல மூணு தடவ அளந்தது நீ ஒருத்தன்தான். லைட்டு குங்குமத்துல பட்டுத் திரும்பி வந்துதா?"

அத்தை பின்னாலிருந்து, "நான் சாவி மட்டும்தாங்க குடுத்தேன்" என்றார்.

புரொபசருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பேட்டா ஒரு பக்கம் சரிய சரியச் சிரித்தார். அப்புறம் அதை நிமிர்த்திக்கொண்டு சொன்னார்: "புஸ்தகத்துல இருக்கற எண் எனக்கும் தெரியும். உன் எண் என்னன்னு கேட்கத்தான் வந்தேன். முதல்லேர்ந்து மறுபடி எடு. வேலையப் பத்தி இந்த வருஷம் பேசாதே." என் காப்பியை மட்டும் முழுக்கக் குடித்துவிட்டுப் போனார்.

அந்த வருஷம் நிரந்தரம் வேறொருவருக்குப் போயிற்று. லக்ஷ்மீபுரத்து வீடும்தான். அன்று மத்தியானம் அவர் பின்னறையில் உட்கார்ந்து என் முடிச்சை அவிழ்க்கப் பார்த்து, முடியாமல், கத்தரிக்கோல் கேட்டார். கொண்டுபோய்க் கொடுத்தேன்.

"ஏங்க இப்படிப் பொய் எண் எழுதினீங்க?"

"உனக்காகத்தான். அந்த வீட்டுக்காகத்தான்."

"அது சரி. நாங்க யானை பாக்கப் போனப்ப நீங்க என்னதான் பண்ணிட்டிருந்தீங்க?"

முடிச்சை ஒரு வெட்டு வெட்டினார். "தூங்கிட்டேன்" என்றார்.

எனக்கு வந்ததே கோபம். "எங்கப்பாகூட தட்டுல கட்டவிரல வச்சு அழுத்தறப்ப முழிச்சிட்டுத்தாங்க இருப்பாரு!"

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். திட்டப் போகிறார் என்று நினைத்தேன். கத்தரிக்கோலைக் கீழே போட்டுவிட்டுச் சிரிக்க ஆரம்பித்தார். நானும் அழுதுகொண்டே சிரித்தேன். அத்தை வந்து, இரண்டு பேருக்கும் பேய் பிடித்துவிட்டது என்று திருநீறு எடுக்கப் போனார்.

அந்தக் குளிர்காலம் முழுக்க நிஜமாகவே அளந்தார். ராகியை அடுத்த தெருவில் கொடுத்து அரைத்தோம். எண் ஏழும் சொச்சமுமாக வந்தது. அதையே கொண்டுபோய்க் கொடுத்தாராம். "தப்புதான், ஆனா உன்னோடது" என்று சொல்லி, புரொபசர் அதன் அடியில் கையெழுத்துப் போட்டாராம். நிரந்தரம் கிடைக்க இன்னும் இரண்டு தசரா ஆயிற்று. அதற்குள் மூத்தவன் பிறந்துவிட்டான். அவனோ என் அத்தை மடியை விட்டு இறங்க மாட்டேன் என்றான். தனிக்குடித்தனப் பேச்சு அதோடு முடிந்தது.

தராசைக் கட்டிப்போட்டதற்கு அடுத்த வருஷ ஆயுத பூஜையன்று நான் சந்தனக் கிண்ணத்தோடு அரிவாள்மணை முன்னால் உட்கார்ந்தபோது அவர் வந்து கிண்ணத்தைப் பிடுங்கிக்கொண்டார்.

"மொதல்ல நாக்க நீட்டு. இந்த வீட்ல அதவிடக் கூரான ஆயுதம் எதுவும் இல்ல."

அன்று தொடங்கியது. அவர் காலம் முடிந்தும் நிற்கவில்லை. பிள்ளைகள், மருமகள்கள், பேரன் பேத்திகள் எல்லோரும் நவமியன்று குங்குமத் தட்டோடு வரிசையில் வந்து நிற்கிறார்கள். அரிவாள்மணைக்கு முன்னால் எனக்குத்தான் பூஜை. நானும் வெட்கமில்லாமல் நீட்டுகிறேன். போன வருஷம் கடைசிப் பேத்தி மல்லிகைச் சரத்தையும் எடுத்துக்கொண்டு வந்தாள்.

"பாட்டி, தாத்தாவோட தராச நீ கட்டின மாதிரி இந்த நாக்கையும் கட்டிடட்டுமா?"

"கட்டுடி, தாராளமா கட்டு" என்றேன். "ஆனா தசமிக்கு அவுத்துடணும். உங்கம்மாவ ரெண்டு வார்த்த கேக்க வேண்டியிருக்கு."