மழைக்குக் கட்டம் இல்லை

முறைப்படி மனிதர் என்று ஓர் இனம் உண்டு. நீங்கள் பார்த்திருப்பீர்கள். காரியம் நடந்ததா என்று கேட்கமாட்டார். முறைப்படி நடந்ததா என்றுதான் கேட்பார். பந்தியில் உட்கார்ந்தால், உப்பு வைக்காமல் சாம்பார் எப்படி வந்தது என்று விசாரிப்பார். அதற்குள் சாம்பார் அடுத்த பந்திக்குப் போயிருக்கும்.

விருத்தாசலத்தில் பொம்மை செய்யும் ஒரு பீங்கான் பட்டறையில் இந்த இனத்துக்குக் குருமூர்த்தி என்று பெயர். மேனேஜர் என்று பதவி. அவர் வந்த ஆறே மாதத்தில், மண் கரைக்க ஒரு படிவம், அச்சில் ஊற்ற ஒரு படிவம், சூளை மூட்ட ஒன்று, சூளை திறக்க ஒன்று, படிவம் தீர்ந்துபோனால் படிவம் கேட்க ஒன்று என்று கண்டுபிடித்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு நிறம் கொடுத்து, நிறம் மாறினால் செல்லாது என்று சுவரில் ஒட்டியும் வைத்தார். பொம்மைகள் கூடவில்லை. கோப்புகள் கூடின.

அந்த வெள்ளிக்கிழமை மத்தியானம் செல்வநாயகி ஓடிவந்தாள். அவளும் இன்னும் இரண்டு பெண்களும் நாலு நாளாக அச்சிலிருந்து எடுத்து, ஓரம் வழித்து, முந்நூறு பிள்ளையார்களை முற்றத்தில் காயவைத்திருந்தார்கள். சூளைக்குள் போகும் பொம்மைக்குத்தான் அவர்களுக்குக் கூலி. சுடாத பொம்மை மழையில் நனைந்தால் வெறும் சேறு.

"சார், மானம் கருத்துக்கிட்டு வருதுங்க. பொம்மைய ஷெட்டுக்குள்ள எடுத்து வெச்சிடட்டுங்களா?"

"பச்சை ஃபார்ம் எங்கம்மா?"

கேட்காமலே எடுத்து வைக்கவேண்டியதுதானே என்கிறீர்களா? போன மாதம் அப்படித்தான் செய்தாள். பச்சைப் படிவமில்லாமல் பொருளை நகர்த்தியதற்காக மூன்று நாள் வேலைக்கு வராதே என்று சொல்லிவிட்டார்.

குருமூர்த்தியே ஒரு படிவத்தை எடுத்தார். முதல் கட்டத்திலேயே பேனா நின்றது.

"பொருள் காஞ்சிடுச்சா?"

"இல்லீங்க."

"காயாத பொருள ஷெட்டுல வெக்கக் கூடாதும்மா. விதி ஏழு."

"மழை வருதுங்களே!"

"மழைக்குன்னு இதுல கட்டம் இல்லையே."

அவர் குரலில் உண்மையான வருத்தம் இருந்தது. மனிதர் கெட்டவர் இல்லை, அதுதான் கொடுமை. 'இதர காரணங்கள்' என்று அடியில் ஒரு கோட்டைத் தேடிப் பிடித்து, 'மழை வரக்கூடும்' என்று எழுதி, அது உறுதியாக இல்லை என்று அடித்து, 'மழை வருகிறது' என்று திருத்தி, அடித்த இடத்தில் சின்னக் கையெழுத்தும் போட்டார். இனி ஸ்டோர் பார்க்கும் ரயீஸ் கையெழுத்து வேண்டும். அவன் ஜும்மா தொழுகைக்குப் போயிருந்தான்.

"வந்துடட்டும்," என்றார் குருமூர்த்தி.

ரயீஸுக்கு முன்னால் மழை வந்தது.

சொட்டச் சொட்ட நனைந்து ஓடிவந்த ரயீஸ், "என்னா சார் இது, தூக்கி உள்ள வெச்சிருக்கக் கூடாதா?" என்று கத்திக்கொண்டே கையெழுத்துப் போட்டான். செல்வநாயகி முற்றத்துக்கு ஓடினாள். தும்பிக்கை முதலில், தொந்தி கடைசியில் என்று முந்நூறு பிள்ளையார்களும் முறைப்படி கரைந்துகொண்டிருந்தார்கள். ஒன்றைத் தூக்கப் பார்த்தாள். கைக்குச் சேறுதான் வந்தது. அந்த மழையிலேயே உட்கார்ந்து அழுதாள்.

குருமூர்த்தி குடையோடு வந்து படிவத்தை நீட்டினார். "எல்லாம் சரியா இருக்குது. இப்ப எடுத்து வைங்கம்மா."

"எதைங்க சார்?"

அவர் முற்றத்தைப் பார்த்தார். நாலு நாள் பாடு போயிற்று என்று அவருக்கும் புரிந்தது. மனசு கேட்கவில்லை. தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"கூலிக்கு ஒரு மனு எழுதிக் குடும்மா. நானே சிபாரிசு பண்றேன்."

மாதக் கடைசியில் தணிக்கைக்கு வந்தவர்கள் அந்தக் கோப்பில் ஒரு குறையும் காணவில்லை.

சிரிக்கிறீர்கள். தாராளமாகச் சிரியுங்கள். ஆனால் இந்த இனத்துக்குக் கொம்பும் கிடையாது, வாலும் கிடையாது. கண்ணாடியில் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. வேண்டுமானால் ஒன்றை மட்டும் யோசித்துப் பாருங்கள். போன வாரம் உங்கள் மகள் உடம்பு சுடுகிறது என்று வந்து நின்றாளே, அப்போது நீங்கள் அவள் நெற்றியில் கை வைத்தீர்களா, தெர்மாமீட்டரைத் தேடப் போனீர்களா?